குடோனுக்குள்ள கொண்டுபோற டார்ச் லைட்: லுமன் நம்பரை மட்டும் பாத்து வாங்கிடாதீங்க

தை அறுப்பு முடிஞ்சு சம்பா, தாளடி நெல்லெல்லாம் கொள்முதல் நிலையத்துலேர்ந்து லாரி லாரியா குடோனுக்கு வந்து அட்டி (மூட்டை அடுக்கு) ஏறுற நேரத்துல, மன்னார்குடி, திருவாரூர், பாபநாசம்னு எந்தப் பக்கம் போனாலும் புதுசா ஆய்வு வேலைக்கு வந்த தம்பிங்க என்கிட்ட முதல்ல கேக்குறது, "சார், எந்த டார்ச் வாங்கலாம், ஆன்லைன்ல ஐநூறு ரூபாய்க்குப் பத்தாயிரம் லுமன்னு போட்டு வருதே"ங்கறதுதான். லுமன்னா டார்ச்சுலேர்ந்து வர்ற மொத்த வெளிச்சத்தோட அளவு. தானியக் கிடங்கும் அரிசி மில்லும் சுத்திப் பாக்குறதே பொழப்பா இருக்குற ஆளு நான். ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா சொல்லிக்கிட்டே இருந்ததை இங்க மொத்தமா எழுதிடுறேன். நம்ம வேலைக்குக் கண்ணு கூசுற வெளிச்சம் வேணாம். நெல்லோட நிறத்தை மாத்திக் காட்டாத வெளிச்சமும், நம்பி கையில வெச்சிருக்கக்கூடிய பேட்டரியும்தான் வேணும்.

முதல்ல நாம அந்த லைட்டை வெச்சு என்ன பாக்குறோம்னு யோசிங்க. அட்டிக்கும் செவுத்துக்கும் நடுவுல விட்ட சந்துல நடக்கறப்ப டார்ச்சை நெஞ்சு உயரத்துல புடிச்சு நேரா தரையில அடிச்சீங்கன்னா தரை சும்மா வெள்ளையா தெரியும், அவ்வளவுதான். அதே லைட்டைக் குனிஞ்சு தரையை ஒட்டிப் படுக்க வெச்ச மாதிரி புடிச்சுப் பாருங்க, தூசி மேல வண்டு ஊர்ந்து போன கோடு, எலி கால்தடம், வாலை இழுத்துக்கிட்டுப் போன தடம் எல்லாம் நிழலோட எழுந்து நிக்கும். சாக்கும் அப்படித்தான், அட்டி முகத்துக்கு நேரா அடிக்காம பக்கவாட்டுல ஒட்டினாப்ல வெளிச்சத்தை ஓட விட்டா தையல் ஓரத்துலயும் மூட்டைக் காதுலயும் மாவு மாதிரி கொட்டியிருக்கறது தெரியும், துளைவண்டு உள்ள வேலையை ஆரம்பிச்சிடுச்சுன்னா வெளில காட்டிக்குடுக்கறது அந்த மாவுதான். அந்துப்பூச்சி உக்காந்திருந்தாலும் சாக்கு நிறமும் அது நிறமும் ஒண்ணாவே இருக்கறதால நேர் வெளிச்சத்துல கண்ணுக்குச் சிக்காது, சாய்வு வெளிச்சத்துல நிழல் விழுந்தாதான் சிக்கும்.

இதுக்கெல்லாம் 150லேர்ந்து 300 லுமன் தாராளம், ஆனா அது பரந்து விழணும். நடுவுல ஒரே ஒரு வட்டம் பளீர்னும் சுத்தி இருட்டாவும் விழற லைட்டு வயக்காட்டுல தூரத்துல பாக்கறதுக்கு நல்லது, கிட்டத்துல பாக்கறதுக்கு ஆகாது. அந்தப் பளீர்ல கண்ணு கூசி ஓரத்துல இருக்கறது தெரியாமப் போயிடும். அட்டி உச்சியும் கூரையைத் தாங்கற டிரஸ் சட்டமும் பாக்க மட்டும் கொஞ்சம் எட்டுற வெளிச்சம் வேணும், அதுக்கு ஹை மோடு இருந்தா போதும். (கூரையில ஓட்டை இருக்கான்னு பாக்க டார்ச்சே வேணாம். பகல்ல கதவைச் சாத்திட்டு, கண்ணு இருட்டுக்குப் பழகுற வரைக்கும் நின்னு அண்ணாந்து பாத்தா ஒவ்வொரு ஓட்டையும் நட்சத்திரமாட்டம் தெரியும். ஐப்பசி மழைக்கு முன்னாடி கட்டாயம் பண்ணுங்க.)

அடுத்தது நிறம், நான் ரொம்ப முக்கியமா நினைக்கிறது இதைத்தான். விலை குறைஞ்ச டார்ச்சுல வர்ற எல்இடி பெரும்பாலும் 6500 கெல்வின், அதுக்கும் மேல. கெல்வின்ங்கறது வெளிச்சத்தோட நிறத்துக்கு உள்ள அளவு, ஏற ஏற நீலம் கூடும். நீலம் தூக்கலா இருக்குற வெள்ளை. வெள்ளை எல்இடிங்கறதே ஒரு நீல சிப்பு மேல மஞ்சள் பாஸ்பர்ங்கற ஒளிரும் பொடி பூசினதுதான், பூச்சு மட்டமா இருந்தா சிவப்புப் பக்கத்து ஒளி ரொம்பக் குறைஞ்சிடும். அந்த வெளிச்சத்துல ஒரு கைப்பிடி அரிசியை வெச்சுப் பாத்தா லேசா மஞ்சள் அடிச்ச அரிசியும் நல்ல அரிசியும் ஒண்ணாட்டம்தான் தெரியும், மழையில நனைஞ்சு பழுப்பேறின நெல்லு, பூஞ்சை புடிக்க ஆரம்பிச்ச சாம்பல், பச்சைத் திட்டு எதுவுமே பிரிச்சு சொல்ல வராது. நிறத்தை எவ்வளவு உண்மையா காட்டுதுங்கறதுக்கு சிஆர்ஐன்னு ஒரு அளவு இருக்கு, சாதாரண டார்ச்சுல 70 சொச்சம் வரும், நீங்க 90க்கு மேல போட்டிருக்கறதா தேடுங்க, கலர் 4000லேர்ந்து 5000 கெல்வினுக்குள்ள இருக்கட்டும். நிச்சியா மாதிரி எல்இடி கம்பெனிங்க இதுக்குன்னே சிப்பு செய்யறாங்க. இந்த வகையில அதே பேட்டரிக்கு லுமன் கொஞ்சம் கம்மியாதான் வரும், வந்துட்டுப் போகட்டும். குத்தூசி (மூட்டையைக் குத்தி சாம்பிள் எடுக்கறது) போட்டு எடுத்த நெல்லை உள்ளங்கையில வெச்சு நல்லதுன்னோ பழுதுன்னோ சொல்றப்ப பின்னாடி ஒரு விவசாயியோட காசு இருக்கு, ரேஷன்ல அந்த அரிசியை வாங்கிச் சாப்புடற குடும்பம் இருக்கு. சந்தேகம் வந்தா டார்ச்சை அணைச்சிட்டு சாம்பிளைக் கதவுக்கு வெளில பகல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோங்க.

பொட்டி மேல போடுற நம்பருங்க பத்திச் சொல்றேன். டார்ச்சுக்குன்னு எஃப்எல்1ன்னு ஒரு ஸ்டாண்டர்டு 2009லேர்ந்து இருக்கு, ஒழுங்கான கம்பெனிங்க அது படிதான் அளந்து போடுவாங்க. அதுலயும் ரன்டைம்னா வெளிச்சம் ஆரம்பத்துல இருந்ததுல பத்து சதவீதமா குறையற வரைக்கும் உள்ள நேரம், அதனால எட்டு மணி நேரம்னு போட்டிருந்தா எட்டு மணி நேரமும் அதே வெளிச்சம்னு அர்த்தம் இல்ல. பீம் தூரம் 200 மீட்டர்னா அந்த இடத்துல விழறது 0.25 லக்ஸ், பௌர்ணமி நிலா அளவுக்குத்தான், அங்க வண்டு எல்லாம் தெரியாது. டர்போ மோடுல ஆயிரக்கணக்கான லுமன் போட்டிருக்கறது பல டார்ச்சுல சில நிமிஷத்துக்குத்தான், உடம்பு சூடாகி அதுவே குறைச்சுக்கும், நம்ம ஊரு சித்திரை வெயில்ல தகரக் கூரைக்குக் கீழ இன்னும் சீக்கிரமா குறையும். தூசியும் தண்ணியும் எவ்வளவு தாங்கும்னு சொல்ற ஐபி நம்பரைப் பாக்கறப்ப ஐபிஎக்ஸ்7ன்னு இருந்தா ஒரு மீட்டர் தண்ணியில அரை மணி நேரம் தாங்கும்னு அர்த்தம், ஆனா அந்த எக்ஸ் இருக்கற இடம் தூசிக்கு உள்ளது, தூசிக்கான ரேட்டிங் அதுல சொல்லலைன்னு புரிஞ்சுக்கணும். நமக்குத் தண்ணியை விட நெல்லுச் சொணையும் தவிட்டுத் தூசியும்தான் பெரிய எதிரி, அதனால ஐபி67, இல்ல ஐபி68 பாத்து வாங்குங்க.

பேட்டரிதான் ஆளைக் கவுக்கற விஷயம். இப்ப வர்ற சார்ஜ் டார்ச்சுல முக்கால்வாசி 18650ங்கற லித்தியம் செல்லுல ஓடுது, 18 மில்லிமீட்டர் தடிமன், 65 நீளம். கொஞ்சம் பெருசு 21700. பேட்டரி எவ்வளவு கொள்ளும்ங்கறதை எம்ஏஎச்ல சொல்லுவாங்க, நல்ல கம்பெனி 18650ல பொதுவா 3500, 3600 எம்ஏஎச் வரைக்கும்தான் வரும், 21700ல 5000த்தை ஒட்டி வரும். அப்ப 18650 மேல 9900 எம்ஏஎச்னு அச்சடிச்சு வித்தா அது பொய்யுன்னு வாங்கறதுக்கு முன்னாடியே தெரிஞ்சுக்கலாம். எடை போட்டுப் பாருங்க, நல்ல 18650 செல்லு 45லேர்ந்து 50 கிராம் இருக்கும், முப்பது கிராம்தான் இருக்குன்னா உள்ள சரக்கே இல்ல. பழைய லேப்டாப் பேட்டரியை உடைச்சு எடுத்த செல்லுக்குப் புது உறை மாட்டி விக்கறதும் நடக்குது, அதை எடையில கண்டுபுடிக்க முடியாது, அதனால எங்க வாங்கறோம்ங்கறதுல கவனமா இருக்கணும். ஐஎஸ் 16046ங்கற பிஐஎஸ் (இந்தியத் தர நிர்ணய அமைப்பு) முத்திரையும் ஆர்-ல ஆரம்பிக்கற பதிவு நம்பரும் இருக்கான்னு பாருங்க. பாதுகாப்பு சர்க்யூட் வெச்ச செல்லு ரெண்டு மூணு மில்லிமீட்டர் நீளமா இருக்கும், உங்க டார்ச்சுக்குள்ள போகுதான்னு முன்னாடியே பாத்துக்கணும், இறுக்கித் திருகி அமுக்கக்கூடாது. முக்கியமா செல்லைக் கழட்டி மாத்தற வசதி இருக்கற டார்ச்சா வாங்குங்க. ஒட்டி சீல் வெச்சது பேட்டரி போனா குப்பைக்குத்தான்.

நம்ம பக்கம் இன்னமும் நிறைய குடோன்ல வாச்மேன் அண்ணன்கிட்ட இருக்கறது அந்தப் பெரிய பிளாஸ்டிக் டார்ச், பின்னாடி ரெண்டு பின்னை இழுத்து நேரா பிளக்குல சொருகறது. அதுக்குள்ள 4 வோல்ட் லெட் ஆசிட் பேட்டரி இருக்கும். அதுல பலதுக்கு டிரான்ஸ்பார்மரே கிடையாது, ஒரு கெப்பாசிட்டரை வெச்சு வீட்டு கரண்ட்டை அப்படியே இறக்குறாங்க, அதனால சார்ஜ்ல இருக்கறப்ப உடைஞ்ச இடத்துலயோ ஈரக்கையிலயோ தொட்டா ஷாக் அடிக்க நிஜமாவே வாய்ப்பு இருக்கு. சார்ஜ்ல இருக்கறப்ப அதைத் தொடாதீங்க, விரிசல் விட்டிருந்தா தூக்கிப் போட்டுடுங்க. இன்னொண்ணு, இந்த ரெண்டு பேட்டரியையும் பாத்துக்கற முறை நேர் எதிர். லெட் ஆசிட்டை எப்பவும் முழு சார்ஜ்லயே வெச்சிருக்கணும், காலியா போட்டு வெச்சா உள்ள சல்பேட் படிஞ்சு செத்துடும், பயன்படுத்தாட்டியும் மாசம் ஒரு தடவை சார்ஜ் போடணும். லித்தியம் அப்படி இல்ல, மாசக்கணக்குல எடுத்து வைக்கறதா இருந்தா பாதி சார்ஜ்ல வைக்கணும், முழுசா 4.2 வோல்ட்டுல சூட்டுல கெடந்தா சீக்கிரம் தேஞ்சுடும், சுத்தமா காலியா கெடந்தாலும் கெட்டுடும். 2018 நவம்பர் 16 கஜா புயல் அடிச்சப்புறம் வேதாரண்யம், பட்டுக்கோட்டை பக்கம் வாரக்கணக்குல கரண்ட் இல்லாம கெடந்தது எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும், அந்த மாதிரி நேரத்துல பவர்பேங்க், சோலார் எதுலேர்ந்தும் சார்ஜ் ஏத்திக்கற யுஎஸ்பி டார்ச்சுதான் கை கொடுக்கும்.

யுஎஸ்பி-சி ஓட்டை இருக்கேன்னு வாங்கிட்டு, ரெண்டு பக்கமும் சி இருக்கற கேபிள்ல போட்டா ஏறவே மாட்டேங்குதுன்னு நிறையப் பேரு டார்ச்சு போச்சுன்னு நினைக்கிறாங்க. அதுக்குள்ள வைக்க வேண்டிய 5.1 கிலோ ஓம் ரெசிஸ்டரை மிச்சம் புடிச்சு விட்டிருப்பாங்க, பழைய அகல வாய் யுஎஸ்பி கேபிள்ல போட்டா ஏறும். சார்ஜ் போடறது சிமெண்ட் தரை, கடப்பா கல்லு மாதிரி இடத்துல இருக்கட்டும், சாக்கு மேலயோ படுக்கை மேலயோ வேணாம். 45 டிகிரிக்கு மேல சூடா இருக்கறப்ப லித்தியத்தை சார்ஜ் பண்ணக்கூடாது, வெயில்ல நின்ன கார்லேர்ந்து எடுத்த டார்ச்சைக் கொஞ்சம் ஆற விட்டுத்தான் போடணும்.

இப்ப புகைமூட்டம் (பூச்சியைக் கொல்ல விஷ வாயு விடறது) போட்ட குடோன் விஷயம். இதைக் கொஞ்சம் நிதானமா படிங்க. அலுமினியம் பாஸ்பைடு மாத்திரை ஒண்ணு 3 கிராம், அதுலேர்ந்து 1 கிராம் பாஸ்பீன் வாயு வரும். அந்த வாயு செம்பு, பித்தளை, வெள்ளி, தங்க முலாம் வரைக்கும் அரிச்சிடும், ஈரமும் உப்புக் காத்தும் சேந்தா இன்னும் வேகமா அரிக்கும். நாகப்பட்டினம் பக்கத்துக் கிடங்குங்கள்ல டார்ச்சு மினுக் மினுக்குனா மூடியைக் கழட்டி ஸ்பிரிங்கைப் பாருங்க, கறுத்திருந்தா பெரும்பாலும் இதுதான் காரணம். அதனால மாத்திரை போட்டிருக்கற இடத்துல டார்ச்சு, போனு, ஈரப்பத மீட்டர் எதையும் விட்டுட்டு வராதீங்க. டார்ச்சு கெடறது சின்ன விஷயம்தான். பாஸ்பீன் காத்துல 1.8 சதவீதத்துக்கு மேல போனா தானாவே தீப்புடிக்கலாம், சாதாரண அளவுல போட்டா அந்த அளவுக்குப் போகாது, ஆனா மாத்திரையை ஒரே இடத்துல குவிச்சு அது மேல மழைத்தண்ணி ஒழுகினா போகும். அது மாதிரியே மில்லுல நெல்லை மேல தூக்கற எலிவேட்டரோட குழியிலயும் தவிடு பறக்கற இடத்துலயும் தூசி மேகமா நிக்கறப்ப வெடிக்க ஒரு சின்னப் பொறி போதும். அந்த இடங்களுக்கு சாதாரண டார்ச் ஆகாது, வெடிப்பு அபாய இடத்துக்குன்னே பெசோ (வெடிபொருள் பாதுகாப்பைப் பாக்கற மத்திய அரசு அமைப்பு) அங்கீகாரம் வாங்கின 'Ex' குறி போட்ட டார்ச்தான் கொண்டு போகணும், அதுலயும் தூசிக்கு உள்ள அங்கீகாரமான்னு பாக்கணும், அதையும் உள்ள நின்னு கழட்டி செல் மாத்தக்கூடாது. விலை பல மடங்குதான், மில் முதலாளிங்ககிட்ட கேட்டு வாங்குங்க, அதைக் கேக்கறதுக்குக் கூச்சமே வேணாம்.

வெளிச்சம் இருக்குங்கற தைரியத்துல எங்கயும் இறங்காதீங்க. நெல்லு ஊறப்போடுற தொட்டி, எலிவேட்டர் குழி, மூடிக் கெடந்த சைலோ (உயரமான தானியத் தொட்டி) இங்கெல்லாம் விஷ வாயுவோ ஆக்சிஜன் குறைச்சலோ டார்ச்சுல தெரியாது. பாஸ்பீனுக்குப் பூண்டு வாசனை வரும்னு சொல்லுவாங்க, அதை நம்பவும் கூடாது. மீட்டர் வெச்சு அளந்து, காத்தோட்டம் விட்டு, மேல ஒரு ஆளை நிறுத்திட்டுத்தான் இறங்கணும்.

பராமரிப்பு பெரிய வேலை இல்ல. வாரம் ஒரு தடவை பின்மூடியைக் கழட்டி மரையை வேஷ்டித் துணியில துடைச்சு, ஸ்பிரிங்கையும் தொடுபுள்ளியையும் ஐசோபுரோபைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சுல துடைச்சிடுங்க. ரப்பர் வளையத்துக்கு சிலிக்கோன் கிரீஸ் ஒரு பொட்டு போதும், தேங்காண்ணெய் போடாதீங்க, அதுல சொணை ஒட்டி உப்புத்தாளா தேய்க்கும். கண்ணாடியைச் சட்டையில துடைக்கறதுக்கு முன்னாடி ஊதி விடுங்க, உமித்தூசியில சிலிக்கா இருக்கு, கோடு போட்டுடும். சார்ஜ் ஓட்டையோட ரப்பர் மூடி கிழிஞ்சிருந்தா ஐபி67 எல்லாம் போச்சு. பைக்குள்ள தானா எரிஞ்சு சூடாகாம இருக்க பின்மூடியை அரைத் திருகு தளர்த்தி வைங்க, பல டார்ச்சுல அதுவே அணைஞ்சுடும்.

முடிஞ்சா 365 நானோமீட்டர் யூவி (புற ஊதா) டார்ச் ஒண்ணு தனியா வெச்சுக்கங்க. எலி மூத்திரம் பட்ட சாக்கு அதுல மின்னும். சோப்புத்தூள் பட்ட துணியும் மின்னும்ங்கறதால அதை மட்டும் வெச்சு முடிவு பண்ணிடாதீங்க, புழுக்கையும் கடிச்ச தடமும் பக்கத்துல இருக்கான்னு பாருங்க. 395னு வர்றது விலை கம்மி, ஆனா ஊதா வெளிச்சமே கண்ணை மறைச்சிடும். எதையும் கண்ணுக்கு நேரா அடிக்காதீங்க.

கையில ஒரு டார்ச், தலையில மாட்டற சின்ன லைட்டு ஒண்ணு, ரெண்டும் இருக்கட்டும். குத்தூசியும் நோட்டும் புடிக்க கை வேணும், அதோட அட்டி இடுக்குல எலியைத் தேடி வர்ற நல்ல பாம்பும் விரியனும் இந்த ஊர்ல எல்லா குடோன்லயும் உண்டு, கட்டுவிரியன் ராத்திரியிலதான் நடமாடும். சாக்கைத் தொடறதுக்கு முன்னாடி வெளிச்சம் கை போற இடத்துக்கு முதல்ல போகணும்.

செல்லு வாங்கின மாசம், வருஷத்தை உறை மேல மார்க்கர்ல எழுதிடுங்க. உறை கிழிஞ்சாலோ, நசுங்கினாலோ, சார்ஜ் போடறப்ப கை பொறுக்காம சுட்டாலோ அதை மறுபடி டார்ச்சுல போடாதீங்க. ரெண்டு முனையிலயும் இன்சுலேஷன் டேப் ஒட்டி தனியா ஒரு டப்பால போட்டு இ-வேஸ்ட் எடுக்கறவங்ககிட்ட குடுங்க. 2022 பேட்டரி கழிவு விதிப்படி பழைய பேட்டரியைத் திரும்ப வாங்கிச் சேக்கற பொறுப்பு தயாரிக்கறவங்களுக்கு இருக்கு, அதனால கடையிலயும் கேளுங்க. வாய்க்கால்ல வீசறதோ, சருகோட சேத்துக் கொளுத்தறதோ கூடவே கூடாது.