மண்டபத்தில் குரல் எவ்வளவு நேரம் நிற்கிறது?

கட்டடத்தையும் ஒலியையும் சேர்த்துப் பேசினால், திருநெல்வேலிக்காரர்களுக்கு முதலில் நினைவுக்கு வருவது நெல்லையப்பர் கோயிலின் இசைத்தூண்கள்தாம். ஆனால் அங்கே கல்லே அதிர்ந்து ஒலிக்கிறது. அதை இசைக்கருவியின் இயற்பியல் என்பதே பொருத்தம். கட்டட ஒலியியல் கேட்கும் கேள்வி வேறு: மண்டபத்துக்குள் எழுந்த ஒலி, தரையிலும் சுவரிலும் கூரையிலும் மோதி மோதி எவ்வளவு நேரத்தில் அடங்குகிறது?

முகூர்த்தத்துக்கு முதல் நாள், ஆள் வருமுன் கல்யாண மண்டபத்தில் நின்று ஒருமுறை கைதட்டினால் இது புரியும். ஒலி நொடிக்கு ஏறத்தாழ 340 மீட்டர் செல்வதால், ஒரு நொடிக்குள் பலமுறை சுவர்களில் பட்டுத் திரும்புகிறது. தனித்துக் கேட்கும் எதிரொலி அன்று இது. எண்ணற்ற எதிரொலிகள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து நீளும் எதிர்முழக்கம். அது மிகுந்தால், பேசுபவரின் முதற்சொல் அடங்குமுன் நான்காவது சொல் வந்து அதன்மேல் ஏறிவிடும்.

ரோமானியக் கட்டடக் கலைஞர் விட்ருவியஸ் காலத்திலிருந்தே இதைப் பற்றி எழுதியிருக்கிறார்கள். அளந்து சொன்னவர்தாம் இல்லை. 1895-இல் அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில், ஃபாக் கலை அருங்காட்சியகத்தின் விரிவுரைக் கூடத்தில் பேச்சே விளங்கவில்லை என்ற முறையீடு எழுந்தபோது, அதைச் சரிசெய்யும் பணி வாலஸ் கிளமென்ட் சபைன் என்ற 27 வயது இயற்பியல் ஆசிரியரிடம் வந்தது. அவரிடம் இருந்தவை நொடிக்கு 512 அதிர்வு தரும் ஓர் ஆர்கன் குழல், நேரம் குறிக்கும் ஒரு கருவி, தம் காது. தெரு அடங்கிய இரவுகளில் குழலை ஊதி நிறுத்திவிட்டு, ஒலி காதுக்கு எட்டாமல் மறையும்வரை நேரம் பார்த்தார். வெறும் கூடத்தில் அது 5.62 நொடி. பக்கத்து சாண்டர்ஸ் அரங்கின் இருக்கை மெத்தைகளைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொண்டுவந்து பரப்பப் பரப்ப, அது 1.14 நொடிவரை குறைந்தது. தாம் உடுத்தியிருந்த துணியும் ஒலியை விழுங்கி அளவை மாற்றுகிறது என்று கண்டதும், திரட்டியிருந்த அளவீடுகளை ஒதுக்கிவிட்டு, ஒரே உடையில் மீண்டும் தொடங்கினார். இந்தத் துறை அறிவியலானது அந்த முடிவில்தான் என்பது என் எண்ணம்.

1898-இல் விதி கைக்கு வந்தது. கூடத்தின் கன அளவை 0.161-ஆல் பெருக்கி, உள்ளிருக்கும் மொத்த ஒலி உறிஞ்சும் திறனால் வகுத்தால் எதிர்முழக்க நேரம் கிடைக்கும். ஒலியாற்றல் பத்து லட்சத்தில் ஒரு பங்காகக் குறைய எடுக்கும் நேரம் அது. உறிஞ்சும் திறனுக்கு அவர் கொண்ட அலகு, திறந்த சன்னலின் பரப்பு. வெளியே போன ஒலி திரும்பி வராது என்பதால், சன்னல் முழுவதையும் விழுங்குவதாகக் கொள்ளலாம். இவ்விதியைக் கொண்டு முன்கூட்டியே கணக்கிட்டு எழுப்பிய பாஸ்டன் சிம்பொனி அரங்கு 1900 அக்டோபரில் திறக்கப்பட்டது. இன்றும் உலகின் மிகச் சிறந்த இசையரங்குகளுள் ஒன்றாக மதிக்கப்படுகிறது.

நம் ஊர் மண்டபம் ஒன்றுக்கு இக்கணக்கைப் போட்டுப் பார்ப்போம். நீளம் 30, அகலம் 20, உயரம் 6 மீட்டர் என்றால், கன அளவு 3600 கன மீட்டர், உட்பரப்பு 1800 சதுர மீட்டர். சாந்துச் சுவரும் ஓடு பதித்த தரையும் தம்மேல் படும் ஒலியில் நூற்றுக்கு மூன்று பங்கு உறிஞ்சுவதாக வைத்தால் மொத்தம் 54 அலகு (ஒரு சதுர மீட்டர் திறந்த சன்னல் ஓர் அலகு). எதிர்முழக்கம் பத்து நொடிக்கு மேல். அமர்ந்திருக்கும் ஒருவர் அரை அலகு என்று கொண்டு 500 பேரைச் சேர்த்தால், இரண்டு நொடிக்குள் வந்துவிடும். ஆளே இல்லாமல், நீண்ட பக்கம் ஒன்றை மட்டும் முழுதும் திறந்துவிட்டாலும் அது இரண்டரை நொடியாகிவிடும். அந்தத் திறப்பு ஒன்றே 360 பேருக்குச் சமம். கோயில் வெளிமண்டபங்களில், சுற்றிலும் கல்லாக இருந்தும், ஓதுவாரின் சொல் கலங்காமல் கேட்பதற்கு இதுவே காரணம். உறிஞ்சும் பரப்பு ஒரே பக்கம் குவிந்திருக்கும்போது சபைனின் விதி சற்றுப் பிசகும் என்றாலும், போக்கு இதுதான்.

குளிரூட்டுவதற்காக அந்தப் பக்கத்தைக் கண்ணாடியிட்டு அடைக்கும்போது 180 அலகும் ஏறக்குறைய முழுதாகப் போய்விடுகின்றன. ஒலிபெருக்கியைக் கூட்டினால் எதிர்முழக்கமும் கூடவே உயரும்; சொல் தெளியாது. இழந்த அலகுகளைத் திரும்பச் சேர்க்கத்தான் வேண்டும். மடிப்பு மடிப்பாகத் தொங்கும் கனத்த திரை, படும் பேச்சொலியில் ஏறத்தாழப் பாதியை வாங்கிக்கொள்ளும். மேடைக்கு எதிரே உள்ள பின்சுவரிலிருந்துதான் ஒலி மிகவும் தாமதமாகத் திரும்பிவருகிறது; ஆகவே திரையை முதலில் அங்கே தொங்கவிட வேண்டும்.