கிராஃபிட்டி கற்க வருபவர்கள் முதலில் திறக்க வேண்டிய புத்தகங்கள்

பள்ளி, கல்லூரிச் சுவர்களில் மாணவர்களோடு சேர்ந்து ஓவியம் தீட்டுவது என் தொழில். பெயரை அலங்கார எழுத்தாக ஸ்ப்ரே வண்ணத்தில் தீட்டும் கிராஃபிட்டி கலையைக் கற்க வேண்டும் என்று வரும் இளைஞர்கள் பெரும்பாலும் கைப்பேசியில் சேமித்த படங்களோடுதான் வருகிறார்கள். யார் வரைந்தது, எந்த ஊர், எந்த ஆண்டு, அனுமதியோடு வரைந்ததா என்று கேட்டால் பதில் இருப்பதில்லை. இது என்னை மிகவும் கவலைப்படுத்துகிறது. அந்த விவரங்கள் இல்லாமல் பார்ப்பவர்களுக்கு எழுத்தின் வளைவு மட்டுமே தெரியும். அது ஏன் அப்படி வளைந்தது என்பது தெரியாமலே போய்விடும்.

அதனால் மார்த்தா கூப்பரும் ஹென்றி சால்ஃபன்ட்டும் 1984இல் வெளியிட்ட ‘சப்வே ஆர்ட்’ புத்தகத்தைத்தான் முதலில் கையில் கொடுக்கிறேன். நியூயார்க் நகர ரயில் பெட்டிகளில் தீட்டப்பட்டவற்றின் புகைப்படத் தொகுப்பு அது. படம் எடுத்த விதமே நமக்கு ஒரு பாடம். சிற்பியான சால்ஃபன்ட், எதிர் நடைமேடையில் நின்று, ரயில் நிற்கும் சில நொடிகளுக்குள் பக்கவாட்டில் நகர்ந்தபடியே அடுத்தடுத்துப் படங்கள் எடுப்பார். பிறகு அவற்றை வரிசையாக ஒட்டி, முழுப் பெட்டியையும் ஒரே நீளப் படமாக்குவார். எழுத்தின் கட்டமைப்பைப் பயில இவருடைய படங்களைவிடச் சிறந்தவை எனக்குத் தெரியாது. கூப்பர் நாளிதழ்ப் புகைப்படக் கலைஞர். தெற்கு பிராங்ஸின் காலி மனைகளில் காத்திருந்து, பாழடைந்த கட்டடங்களுக்கு நடுவே உயர்பாலத்தில் வண்ணம் பூசிய ரயில் கடந்துபோவதைப் பிடித்தார். 1975இல் அந்த நகரம் திவாலாகும் விளிம்புக்குப் போனது. பிராங்ஸில் தெருத் தெருவாகக் குடியிருப்புகள் எரிந்தன. அந்த ஊரில் வளர்ந்த பிள்ளைகள் தங்கள் பெயரை ஏன் அத்தனை பெரிதாக எழுதினார்கள் என்பது கூப்பரின் படங்களைப் பார்த்தால் புரிந்துவிடும்.

அந்தப் புத்தகத்தில், ரயில் பெட்டிகளில் தீட்டிய டோண்டி என்ற கலைஞரின் பக்கங்களில் நான் மாணவர்களை நீண்ட நேரம் நிறுத்துவேன். 1980இல் அவர் ‘சில்ட்ரன் ஆஃப் தி கிரேவ்’ தொடரின் மூன்றாம் பகுதியைத் தீட்டிய இரவில் கூப்பர் ரயில் பணிமனைக்குள் உடனிருந்து படமெடுத்திருக்கிறார். முன்கூட்டியே தாளில் வரைந்த மாதிரி, மெல்லிய முதல் கோடு, உள்ளே நிரப்பும் வண்ணம், கடைசியில் எழுத்தை எடுப்பாகக் காட்டும் அழுத்தமான வெளிக்கோடு என்ற வரிசையை அங்கே கற்கலாம். ஸ்ப்ரே கேனைத் தொடும் முன் இந்த வரிசையைப் பென்சிலில் பழகுங்கள் என்று திரும்பத் திரும்பச் சொல்கிறேன்.

படங்களுக்குப் பிறகு வார்த்தைகள். கிரெய்க் கேசில்மன் 1982இல் எழுதிய ‘கெட்டிங் அப்’ வாசிக்க வேண்டியது. ரயில்களில் எழுதிய இளைஞர்களோடு, அவர்களைத் துரத்திய போலீசாரின் தரப்பையும் அந்த நூல் கேட்கிறது. இரு தரப்பையும் கேட்காதவர் இந்தக் கலையைப் பற்றிப் பேசக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. அதே நியூயார்க் ரயில் எழுத்தைப் பற்றி 1983இல் வந்த ‘ஸ்டைல் வார்ஸ்’ ஆவணப்படமும் அப்படித்தான்: நகர மேயர் பேசுகிறார், ரயிலில் எழுதும் மகனோடு வாதிடும் தாய் பேசுகிறார். பெண்கள் இதில் இல்லையோ என்று கேட்பவர்கள், நியூயார்க்கில் 1979இல் எழுதத் தொடங்கிய லேடி பிங்க் என்ற பெண் கலைஞரைப் பற்றித் தேடிப் படியுங்கள்.

இந்தப் புத்தகங்களைக் கொடுக்கும்போதே ஓர் எச்சரிக்கையும் கொடுத்துவிடுகிறேன். பழைய படங்களில் பலர் முகத்தில் எந்தப் பாதுகாப்பும் இல்லாமல் ஸ்ப்ரே அடிக்கிறார்கள். அதைப் பின்பற்றவே கூடாது. கேனில் இருப்பது வண்ணம் மட்டுமல்ல. டொலுவீன், சைலீன் போன்ற கரைப்பான்களும், வண்ணத்தை வெளியே தள்ள எளிதில் தீப்பிடிக்கும் புரொப்பேன், பியூட்டேன் வாயுக்களும் இருக்கலாம். துணி முகக்கவசம் இதற்குப் பயன்படாது. என்95கூட நுண்துளிகளைத்தான் தடுக்கும், கரைப்பானின் ஆவியைத் தடுக்காது. ஆவியை உறிஞ்சும் கரி வடிகட்டியும் நுண்துளி வடிகட்டியும் சேர்ந்த முகமூடிதான் வேண்டும். மூடிய அறையில் அடிக்கவே வேண்டாம். வெயிலில் நிறுத்திய காருக்குள் கேன்களை விட்டுவிட்டுப் போகாதீர்கள். 50 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடாகக் கூடாது என்று கேனிலேயே எழுதியிருக்கும். அந்தப் படங்களைப் பார்த்து ரயிலில் எழுதவும் ஆசைப்படாதீர்கள். நியூயார்க் ரயில்களுக்கு மின்சாரம் தரும் மூன்றாவது தண்டவாளத்தில் ஓடுவது சுமார் 600 வோல்ட். நம் ஊர் ரயில் பாதைகளின் மேல்கம்பியில் 25,000 வோல்ட். தண்டவாளத்துப் பக்கம் போகாதீர்கள். இதில் விவாதத்துக்கே இடமில்லை.

அனுமதி விஷயமும் அப்படியே. பொது இடங்களின் தோற்றத்தைக் கெடுப்பதற்கு எதிராக 1959ஆம் ஆண்டிலிருந்தே தமிழ்நாட்டில் சட்டம் இருக்கிறது. சுவரின் உரிமையாளரிடம் எழுத்தில் அனுமதி பெறாமல் என் மாணவர்கள் ஒரு கோடுகூட இழுப்பதில்லை.

அனுமதியோடு வரைந்தாலும் எப்போதும் பாதுகாப்பு என்றில்லை. நியூயார்க்கின் குயின்ஸ் பகுதியில் ‘ஃபைவ் பாயிண்ட்ஸ்’ என்ற பழைய ஆலைக் கட்டடத்தில் கட்டட உரிமையாளரின் சம்மதத்துடன் பல ஆண்டுகள் ஓவியர்கள் தீட்டினார்கள். 2013 நவம்பரில் ஓர் இரவில் அவற்றின் மேல் வெள்ளை அடிக்கப்பட்டது. ஓவியர்கள் வழக்குத் தொடுத்தார்கள். 2018இல் நீதிமன்றம் 45 படைப்புகளுக்காக 21 கலைஞர்களுக்கு 67.5 லட்சம் டாலர் வழங்கத் தீர்ப்பளித்தது. 2020இல் மேல்முறையீட்டிலும் அது நிலைத்தது. தங்கள் படைப்புகளின் புகைப்படங்கள், அவை பெற்ற கவனம், தொழில் வரலாறு ஆகியவற்றை ஓவியர்கள் தொகுத்து அளித்திருந்தது அவர்களுக்குக் கைகொடுத்தது. இந்தியாவிலும் 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 57ஆம் பிரிவு, படைப்பைச் சிதைப்பதை எதிர்க்கும் உரிமையைக் கலைஞருக்குத் தருகிறது. டெல்லியின் விஞ்ஞான் பவன் மாநாட்டு அரங்கில் இருந்து அகற்றப்பட்ட சுவர்ச் சிற்பத்துக்காக அதைச் செய்த சிற்பி அமர்நாத் செகல் தொடுத்த வழக்கில், 2005இல் டெல்லி உயர்நீதிமன்றம் அவருக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது.

ஆகவே என் பட்டறைக்கு வருபவர்கள் முதல் நாளே ஒரு கோப்பு தொடங்க வேண்டும். தாளில் போட்ட மாதிரி, அனுமதிக் கடிதம், வேலை நடக்கும்போது எடுத்த படங்கள், முடிந்த சுவரை நேர் எதிரே நின்று எடுத்த ஒரு படம், தெருவோடு சேர்த்து எடுத்த இன்னொரு படம், தேதி, உடன் வரைந்தவர்களின் பெயர்கள் எல்லாம் அதில் இருக்க வேண்டும்.