மொட்டைமாடிக் காற்றும் 115 கிலோ விமானமும்

ராயபுரம், பழைய வண்ணாரப்பேட்டைப் பக்கம் மொட்டைமாடியில் காத்தாடி விடும் பையன்களைக் கவனித்துப் பாருங்கள். காத்தாடி மேலே ஏறாமல் நூலை இழுத்துக்கொண்டு ஆடினால், அதைக் கீழே இறக்கி, காத்தாடியில் நூலைப் பிணைக்கும் சூத்திரத்தை அவிழ்த்து, மேல் நூலைக் கொஞ்சம் குறைத்துக் கட்டுவார்கள். திரும்ப விட்டால் ஏறும். அவர்கள் மாற்றியது, காகிதம் காற்றைச் சந்திக்கும் கோணத்தை. அல்ட்ராலைட் என்கிற குட்டிப் பொழுதுபோக்கு விமானத்தில் ஏறுகிறவர் பத்திரமாக இறங்குவதும் பெரும்பாலும் இந்தக் கோணத்தைப் பொறுத்ததுதான்.

இறக்கை காற்றைச் சந்திக்கும் கோணம் கூடக்கூட, தூக்கும் விசையும் கூடும். ஆனால் அதற்கு ஓர் எல்லை உண்டு. ஏறக்குறைய 15 டிகிரியைத் தாண்டினால், இறக்கையின் மேற்பரப்பை ஒட்டி ஓடும் காற்று பிரிந்து சுழலாகிவிடும், தூக்கும் விசை மளமளவென்று சரியும். இதை ஸ்டால் என்பார்கள். எஞ்சின் முழு வேகத்தில் கத்திக்கொண்டிருக்கும்போதே இறக்கை ஸ்டால் ஆகலாம். எஞ்சினே இல்லாமல் சுமார் 2,000 முறை பறந்த ஜெர்மானியர் ஓட்டோ லிலியந்தாலுக்கு நடந்ததும் இதுதான். 1896 ஆகஸ்ட் 9 அன்று அவருடைய கிளைடர் ஸ்டால் ஆகி, சுமார் 15 மீட்டர் உயரத்திலிருந்து விழுந்தது. மறுநாள் இறந்துபோனார்.

காத்தாடியை உதாரணத்துக்காக மட்டும் இழுக்கவில்லை. 1948-ல் அமெரிக்காவில் பிரான்சிஸ் ரொகாலோவும் அவர் மனைவி கெர்ட்ரூடும் சட்டகமில்லாத, மடிக்கக்கூடிய ஓர் இறக்கையைக் கண்டுபிடித்தார்கள். அது ஒரு காத்தாடி; வீட்டுச் சமையலறைத் திரைச்சீலையை வெட்டித்தான் அதைத் தைத்தார்களாம். அந்த இறக்கைக்குக் குழாய்ச் சட்டகம் போட்டு, மனிதன் தொங்கிக்கொண்டு பறந்தது ஹேங் கிளைடர். எழுபதுகளில் அதில் சின்ன எஞ்சினை மாட்டியதிலிருந்து அல்ட்ராலைட்டின் கதை தொடங்குகிறது.

1982-ல் அமெரிக்கா இதற்கென்று ஒரு விதி கொண்டுவந்தது. ஒரே ஆள், வெற்று எடை 115 கிலோவுக்குள், எரிபொருள் சுமார் 19 லிட்டர், ஸ்டால் வேகம் (இதற்குக் கீழே போனால் இறக்கை ஸ்டால் ஆகும்) மணிக்குச் சுமார் 44 கிலோமீட்டருக்குள். இதற்கு உட்பட்டால் ஓட்டுநர் உரிமம் வேண்டாம், விமானத்துக்குத் தகுதிச் சான்றும் வேண்டாம்.

115 கிலோ என்பது நம்ம ஊர் பைக் ஒன்றின் எடை. எடை குறைவு என்றால் ஆபத்தும் குறைவு என்று தோன்றும். விழும் வேகத்தைப் பொறுத்தவரை சரிதான். ஆனால் எடை குறைந்த, கம்பியும் துணியுமாகக் காற்றை ஏகத்துக்குத் தடுக்கிற பொருளிடம் சேமிப்பில் வேகம் இருக்காது. மூக்கை உயர்த்தி ஏறிக்கொண்டிருக்கும்போது எஞ்சின் நின்றால், சில நொடிகளில் வேகம் கரைந்துவிடும். உடனே மூக்கைக் கீழே தள்ளியாக வேண்டும். தரை அருகில் இருக்கும்போது தரையை நோக்கித் தள்ள மனசு வராது. கை தானாகப் பின்னால் இழுக்கும். கோணம் கூடும், ஸ்டால். நின்றுபோகிற எஞ்சினும் பல வண்டிகளில் பெட்ரோலில் ஆயில் கலந்து ஊற்றும் டூ ஸ்ட்ரோக். அது எப்போது இறுகிப் பிடித்துக்கொண்டு நிற்கும் என்பதை காசிமேட்டுப் படகு மெக்கானிக்குகளிடம் கேட்டால் மணிக்கணக்கில் சொல்வார்கள். கடலில் எஞ்சின் நின்றால் நங்கூரம் போட்டுவிட்டு யோசிக்கலாம்.

திரும்பும்போது கணக்கு இன்னும் மோசமாகும். விமானத்தை 60 டிகிரி சாய்த்து, உயரம் குறையாமல் திருப்பினால் இறக்கை சுமக்க வேண்டிய பாரம் இரண்டு மடங்கு. 44-ல் ஸ்டால் ஆகும் விமானம் அப்போது 62-லேயே ஆகிவிடும். இதோடு கண் செய்யும் ஏமாற்றும் சேர்கிறது. காற்று மணிக்கு 30 கிலோமீட்டரில் வீசுகிறது, விமானம் 55-ல் பறக்கிறது என்று வைத்துக்கொள்வோம். எதிர்காற்றில் தரை 25-ல் நகரும். திரும்பிக் காற்றோடு போனால் அதே தரை 85-ல் ஓடும். தாழ்வாகப் பறக்கிறவருக்கு ‘ஐயோ, வேகம் அதிகம்’ என்று தோன்றும், குறைப்பார். இறக்கைக்கோ இருப்பது அதே 55-தான். தெரிந்தவர்கள் கீழே நிற்கிறார்கள் என்று தாழ்ந்து வந்து, கையாட்டிவிட்டுத் திரும்புகிற இடத்தில் விபத்து நடப்பதற்கு இது ஒரு காரணம். ராக்கெட் வைத்து விரிக்கும் பாராசூட் உண்டு. ஆனால் அந்த உயரத்தில் அது விரிந்து முடிவதற்குள் தரை வந்துவிடும்.

காற்றும் ஒரே மாதிரி இருப்பதில்லை. தண்ணீர் டேங்கின் உயரத்தைத் தாண்டும் வரை காத்தாடி சண்டித்தனம் பண்ணும், தாண்டியதும் நூலை இழுத்துக்கொண்டு போகும். கட்டடமும் மரமும் தரையும் உரசி, தாழ்வான காற்றின் வேகத்தைக் குறைத்துவிடுகின்றன. எதிர்காற்றில் இறங்கி வரும் அல்ட்ராலைட், கடைசிச் சில மீட்டர்களில் அந்த மெதுவான காற்றுக்குள் நுழையும்போது, காற்றைப் பொறுத்த தன் வேகத்தில் ஒரு பங்கைச் சட்டென்று இழக்கும். அதனால்தான் காற்றடிக்கும் நாளில் கொஞ்சம் கூடுதல் வேகத்தோடு இறங்கச் சொல்வார்கள்.

எண்ணூர்ப் பக்கம் இதைவிடப் பெரிய பாடம் இருக்கிறது. காலையில் அனல்மின் நிலையப் புகை கடல் பக்கம் சாயும். பகலில் தரை சூடேறியதும் கடல்காற்று உள்ளே புகும். சில நாள் கரையில் நிற்கும் படகுக் கொடிகள் ஊருக்குள் பறக்க, உயரத்தில் புகை இன்னும் கடலை நோக்கியே போகும். ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு காற்று. நடுவில் இருப்பது கொந்தளிப்பு. அல்ட்ராலைட்காரர்கள் விடிகாலையையும் மாலையையும் விரும்புவது அழகுக்காக மட்டும் இல்லை.

அப்புறம் உப்பு. கடலோரத்தில் ஜன்னல் கம்பி என்ன கதியாகிறது என்று திருவொற்றியூர்க்காரர்களுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. இறக்கையைத் தாங்கும் எஃகுக் கம்பிவடங்கள் மெல்லிய இழைகளை முறுக்கிச் செய்தவை. அவற்றில் ஓர் இழை அறுந்தால் கண்ணுக்குத் தெரியாது. கொஞ்சம் பஞ்சையோ பழைய துணியையோ வைத்து வடத்தை நீளவாக்கில் மெதுவாகத் துடைப்பார்கள். எங்கே நூல் சிக்குகிறதோ அங்கே இழை போயிருக்கிறது. வடம் முனையில் பிடிப்புக்குள் நுழையும் இடத்தை இன்னும் நெருங்கிப் பார்ப்பார்கள், ஏனென்றால் ஈரம் தங்குவது அங்கேதான். துணியோ வெயிலில் நிறம் மங்குவதற்கு முன்பே வலுவிழக்கத் தொடங்கலாம்.

உரிமமும் இல்லை, சோதனை அதிகாரியும் இல்லை என்றால் இதையெல்லாம் யார் பார்ப்பது? ஓடுதளத்தில் கூட நிற்கும் ஆட்கள்தான். ‘தம்பி, நேத்து நீ திரும்பினது ரொம்பத் தாழ்வா இருந்துச்சு’ என்று முகத்துக்கு நேரே சொல்ல ஒருவர் இருக்கும் இடமும், பார்த்துவிட்டுப் பின்னால் பேசும் இடமும் ஒன்றாக இருக்காது. பழைய வண்டியை யாரிடமோ வாங்கி, தானே பழகிக்கொள்கிறேன் என்று வருகிறவரைத் தடுப்பதும் அவர்கள் வேலைதான். தன் உயிர், தன் இஷ்டம் என்பார்கள். அந்த வாதம் ஓரளவுக்குத்தான் செல்லும். அமெரிக்க விதி இவ்வளவு விட்டுக்கொடுத்ததே, ஜனநெருக்கம் உள்ள இடத்துக்கு மேலே பறக்கக் கூடாது என்ற நிபந்தனையோடுதான். விழுந்தால் விழுகிறவரோடு போகட்டும் என்பது கணக்கு.

மாஞ்சா அந்தக் கணக்குக்கு நேர் எதிர். காத்தாடி விடுகிறவர் மாடியில் பத்திரமாக இருக்கிறார், கழுத்து வேறு யாருடையதோ. 2019-ல் கொருக்குப்பேட்டையில் அப்பாவோடு பைக்கில் போன 3 வயதுக் குழந்தை மாஞ்சா நூல் அறுத்து இறந்தது. கண்ணாடித்தூள் பூசிய நூலில் அழுத்தம் முழுவதும் மயிரிழை அகலத்தில் விழுகிறது. பைக்கின் வேகம் அதை ரம்பம்போல் இழுத்துவிடுகிறது. பூசிய நூலுக்கும் நைலான் நூலுக்கும் 2017-ல் பசுமைத் தீர்ப்பாயம் நாடு முழுக்கத் தடை விதித்திருந்தும் அடுத்தவர் காத்தாடியை அறுக்க டீல் போடும் ஆசை விடவில்லை.

தண்டையார்ப்பேட்டைக்கு மேலே அல்ட்ராலைட்டில் பறக்கலாமா என்று கேட்டால், எஞ்சின் நின்றால் எங்கே இறங்குவீர்கள் என்ற கேள்வியிலேயே பதில் இருக்கிறது: ஒரு பக்கம் துறைமுகம், ஒரு பக்கம் மணலி சுத்திகரிப்பு ஆலை, நடுவில் கேபிள் ஒயர் பின்னிய மாடிகள். இந்தியாவில் இவை மைக்ரோலைட் என்ற பெயரில் வருகின்றன. அமெரிக்காவைப் போல இல்லாமல் ஓட்ட உரிமம் வேண்டும், விமானமும் பதிவாகியிருக்க வேண்டும். வட சென்னையிலிருந்து கல்லூரிக்குப் போகும் பையனுக்கோ பெண்ணுக்கோ ஆசை இருந்தால், என்.சி.சி. விமானப் பிரிவில் சேர்வது நல்ல வழி. அங்கே பயிற்சிக்கு வைத்திருப்பதும் மைக்ரோலைட்தான், பக்கத்து இருக்கையில் பயிற்றுநரும் இருப்பார்.