பாவில் எத்தனை இழை? ஒரே நிரல் இரண்டு கார்டுகளில் இரண்டு விடை தந்தது எப்படி

புதுச்சேரியில் பொறியியல் மூன்றாம் ஆண்டு படிக்கும் வாசகர் ஒருவர் ஒரு கேள்வி அனுப்பியிருந்தார். 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோது அவருடைய தெருவிலும் வெள்ளம் புகுந்ததாம். அதற்குப் பிறகு, நிலப்பரப்பைச் சிறு சிறு கட்டங்களாகப் பிரித்து ஒவ்வொரு கட்டத்திலும் பெய்த மழையைக் கூட்டும் நிரல் ஒன்றைக் கல்லூரி ஆய்வகத்தின் கிராபிக்ஸ் கார்டில் ஓடும்படி எழுதியிருக்கிறார். அங்கே விடை சரியாக வந்தது. அதே நிரலை, மணிக்கணக்கில் வாடகைக்கு எடுத்த வேறொரு நிறுவனத்தின் கார்டுக்குக் கம்பைல் செய்து ஓட்டியபோது பிழைச்செய்தி எதுவும் வரவில்லை. கூட்டுத்தொகை மட்டும் குறைந்துவிட்டது. சோதனைக்காக 6,400 கட்டங்களிலும் 1 என்று நிரப்பிக் கூட்டச் சொன்னால், முதல் கார்டு 6,400 என்கிறது, இரண்டாவது கார்டு 3,200 என்கிறது. “கம்பைலர் எதற்கும் பொதுவானது என்றுதானே படித்தோம் ஐயா, இது எப்படி?” என்று கேட்கிறார். அந்தக் கார்டு ராசியில்லாதது, வேறு கார்டு எடுத்துப் பார் என்று நண்பர் ஒருவர் யோசனையும் சொன்னாராம்.

ராசி என்னும் பேச்சை ஆய்வகத்துக்குள் விடவே கூடாது என்பது என் உறுதியான கருத்து. பழுதான கார்டு ஒவ்வொரு முறையும் வெவ்வேறு தவறான விடையைத் தரலாம். எத்தனை முறை ஓட்டினாலும் மிகச் சரியாகப் பாதி வருகிறது என்றால், எங்கோ ஒரு 2 ஒளிந்திருக்கிறது என்று பொருள். அதைத் தேடிக்கொண்டு போனால், கிராபிக்ஸ் கார்டுக்குக் கம்பைலர் கட்டளை எழுதும் விதம் முழுவதையுமே பார்த்துவிடலாம்.

கம்பைலரின் பொது வேலை பலருக்கும் தெரிந்ததே. நாம் எழுதும் மொழியைப் படித்து, எந்தச் சிப்பையும் சாராத ஓர் இடைநிலை வடிவத்துக்கு மாற்றி, அங்கே தேவையற்றதைக் கழித்துச் சீர்செய்து, பிறகு குறிப்பிட்ட சிப்பின் கட்டளைகளாக வெளியிடுகிறது. 2000-இல் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் தொடங்கிய எல்.எல்.வி.எம். என்னும் கட்டமைப்பு இன்று இந்த வேலைக்கு ஏறக்குறைய பொதுச்சொத்து. கிராபிக்ஸ் கார்டில் கூடுதலாக ஒரு படி இருக்கலாம். கிராபிக்ஸ் கார்டுக்கு நிரல் எழுத என்விடியா நிறுவனம் 2007-இல் வெளியிட்ட குடா முறையில், கம்பைலர் பி.டி.எக்ஸ். என்னும் கற்பனைச் சிப்பின் கட்டளைகளை எழுதி வைக்கலாம். கணினியில் கார்டை இயக்கும் டிரைவர் என்னும் மென்பொருள் அதை உண்மையான சிப்புக்கு மாற்றிக்கொள்ளும். பழைய நிரல் பின்னால் வந்த கார்டிலும் ஓடுவது இதனால்தான். ஏ.எம்.டி. கார்டுகளுக்கோ வழக்கமாக ஒவ்வொரு சிப்புக்கும் நேரடியாகவே கட்டளை எழுதப்படுகிறது. பல நிறுவனங்களுக்கும் பொதுவாக 2015-இல் ஸ்பிர்-வி என்னும் இடைநிலை வடிவம் அறிவிக்கப்பட்டது. இந்த ஏற்பாடுகள் நிரல் ஓடுவதற்கு வழி செய்கின்றன. விடை சரியாக வருவது வேறு விஷயம். அது பாவைப் பொறுத்தது.

பாவு என்ற சொல்லை வேண்டுமென்றேதான் எழுதுகிறேன். கிராபிக்ஸ் சிப்பில் ஒரே நிரலின் பல பிரதிகள் சேர்ந்து ஓடுகின்றன; ஒவ்வொரு பிரதியும் ஓர் இழை. ஒரே கட்டளையைச் சேர்ந்து நிறைவேற்றும் இழைகளின் கூட்டத்துக்கு என்விடியா வைத்த பெயர் ‘வார்ப்’. அது நெசவுச் சொல் என்று அந்நிறுவனத்தின் கையேடே சொல்கிறது: தறியில் நெடுக்காக ஓடும் பாவு நூல். குறிஞ்சிப்பாடியில் தறியோசை கேட்டு வளர்ந்தவர்களுக்கும், புதுச்சேரியில் மில் வேலைக்குப் போன தாத்தாக்களின் பேரப்பிள்ளைகளுக்கும் இதை விளக்க வேண்டியதில்லை. ஆங்கிலச் சொல்லைத் தமிழ் எழுத்தில் எழுதுவதைவிடப் பாவு என்றே சொல்வது பொருத்தம். என்விடியா சிப்பில் ஒரு பாவுக்கு 32 இழைகள். ஏ.எம்.டி.யின் தரவு மையக் கார்டுகளில் 64. அதே நிறுவனத்தின் விளையாட்டுக் கார்டுகளில் புதிய வகைகள் 32, 64 இரண்டையும் ஏற்கும்; எது என்பதைக் கம்பைல் செய்யும்போதே முடிவு செய்யலாம். இன்டெல் சிப்புகளில் 8, 16, 32 என அகலத்தைக் கம்பைலரே தேர்ந்தெடுக்கும்.

பாவின் இழைகள் எல்லாம் ஒரே நேரத்தில் ஒரே கட்டளையைச் செய்கின்றன என்றால், நிரலில் ‘இப்படி இருந்தால் இதைச் செய், இல்லாவிட்டால் அதைச் செய்’ என்று வரும்போது என்ன ஆகும்? கம்பைலர் வேலையிலேயே என்னை மிகவும் கவர்ந்த இடம் இதுதான்.

தறியைப் பாருங்கள். நெசவாளர் காலால் ஒரு மிதியை அழுத்தினால் பாவில் ஒன்றுவிட்டு ஒன்றாகப் பாதி நூல்கள் மேலே எழும், மீதி கீழே நிற்கும், இடையே நாடா ஓடும். மறு மிதியை அழுத்தினால் நின்றவை எழும், எழுந்தவை நிற்கும். எந்தப் பாவு நூலும் தறியை விட்டு எங்கும் போவதில்லை. எது எழ வேண்டும், எது நிற்க வேண்டும் என்பது மட்டுமே ஒவ்வொரு ஓட்டத்திலும் மாறுகிறது. கிராபிக்ஸ் சிப்பிலும் அதேதான் நடக்கிறது. இழைக்கு ஒரு பிட் வீதம் ஒரு வரிசை உண்டு. அதற்கு மாஸ்க் என்று பெயர். பிட் 1 என்றால் அந்த இழை வேலை செய்யும், 0 என்றால் கட்டளை அதன் வழியாகச் சும்மா கடந்து போகும்.

கடலூர் தேவனாம்பட்டினம் கரையை ஒட்டி 64 கட்டங்களை ஒரு பாவு கணக்கிடுகிறது என்று கொள்வோம். 24 கட்டங்கள் கடல், 40 கட்டங்கள் தரை. கடலுக்கு ஒரு சூத்திரம், தரைக்கு வேறு சூத்திரம். ஏ.எம்.டி. சிப்புக்குக் கம்பைலர் எழுதும் கட்டளைகளைத் திறந்து பார்த்தால் முதலில் ஓர் ஒப்பீடு இருக்கும்: நீ கடலா என்று 64 இழைகளையும் ஒரே கட்டளையில் கேட்டு, விடையை 64 பிட்டுகளாக வாங்கிக்கொள்கிறது. அடுத்த கட்டளை, நடப்பு மாஸ்க்கை வேறொரு ரெஜிஸ்டரில் (சிப்புக்குள்ளேயே உள்ள சிறு சேமிப்பிடம்) எடுத்து வைத்துவிட்டு, அதையும் ஒப்பீட்டு விடையையும் ‘அண்ட்’ செய்து (இரண்டிலும் 1 இருந்தால் மட்டும் 1) புதிய மாஸ்க்காக ஆக்குகிறது. எடுத்து வைப்பதையும் மாற்றுவதையும் ஒரே கட்டளையில் செய்யச் சிப்பிலேயே வசதி வைத்திருக்கிறார்கள். இப்போது 24 பிட்டுகள் மட்டும் 1. கடல் சூத்திரம் ஓடுகிறது. பிறகு, எடுத்து வைத்த பழைய மாஸ்க்கோடு இதை ‘எக்ஸார்’ செய்தால் (ஏதேனும் ஒன்றில் மட்டும் 1 இருந்தால் 1) மீதி 40 இழைகள் எழுகின்றன, முந்தைய 24 அமர்கின்றன. தரைச் சூத்திரம் ஓடுகிறது. கடைசியில் பழைய மாஸ்க்கைத் திரும்ப வைத்தவுடன் 64 இழைகளும் மீண்டும் ஒன்றாக நிற்கின்றன. மனிதர் எழுதிய கிளைப்பாதை இப்படி அண்ட், எக்ஸார் என்னும் இரண்டு பள்ளிக்கூடக் கணக்குகளாகக் கரைந்துபோய், நிரல் நேர்கோட்டில் ஓடுகிறது. கிளைக்குள் கிளை வந்தாலும் ஒவ்வோர் ஆழத்துக்கும் ஒரு பழைய மாஸ்க்கை எடுத்து வைத்தால் போதும். முதன்முதலில் இதைக் கட்டளை கட்டளையாகப் படித்தபோது எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சி இன்னும் குறையவில்லை.

இதற்கு விலையும் உண்டு. கடல் சூத்திரத்துக்கு 40 கட்டளைகள், தரைக்கு 10 என்றால், ஒவ்வொரு கட்டத்துக்கும் தேவை ஒரு சூத்திரம்தான் என்றாலும் பாவு 50 கட்டளைகளையும் கடந்தாக வேண்டும். தறியில் இரண்டு ஓட்டங்களும் துணியாகின்றன. இங்கே அமர்ந்திருக்கும் இழைகளின் நேரம் வீணாகிறது. ஆகவே கம்பைலர் இரண்டு வழிகளில் மிச்சம் பிடிக்கிறது. மாஸ்க் முழுவதும் 0 ஆகிவிட்டால் அந்தப் பகுதியையே தாண்டிப் போகும் தாவல் ஒன்றை இடுகிறது. அடுத்து, எந்த நிபந்தனை பாவில் உள்ள எல்லா இழைகளுக்கும் ஒரே விடை தரும் என்பதை நிரலைப் படித்தே கண்டுபிடிக்கிறது. இழையின் வரிசை எண்ணைச் சாயம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த எண்ணைத் தொட்டுக் கணக்கிட்ட மதிப்புகளில் எல்லாம் சாயம் ஏறும், அவற்றைத் தொட்டவற்றிலும் ஏறும். சாயமே ஏறாத நிபந்தனைக்கு மாஸ்க் தேவையில்லை, சாதாரணத் தாவலே போதும்.

என்விடியா சிப்புக்கு இதே கிளைப்பாதையை எழுதும்போது மாஸ்க் கணக்கின் பெரும்பகுதியைச் சிப்பே பார்த்துக்கொள்கிறது. பிரிந்தவை எந்த இடத்தில் மீண்டும் சேர வேண்டும் என்ற குறிப்பைக் கம்பைலர் இடுகிறது. 2017-இல் வந்த வோல்டா வகையிலிருந்து ஒவ்வோர் இழையும் தான் நிற்கும் இடத்தைத் தனியாக நினைவில் வைத்திருக்கிறது. ஆகவே ஒரே மூலநிரல் ஒரு சிப்பில் மாஸ்க் கணக்காகவும், இன்னொன்றில் தாவலும் சேர்விடக் குறிப்புமாகவும் மாறுகிறது. இரண்டிலும் பொருள் ஒன்றே, இழைகள் தங்களுக்குள் பேசிக்கொள்ளாத வரையில்.

பேசிக்கொள்ளும்போதுதான் சிக்கல். ஷஃபிள் என்னும் கட்டளையால் ஓர் இழை பக்கத்து இழையின் ரெஜிஸ்டரில் உள்ள மதிப்பை, நினைவகத்துக்குப் போகாமல் நேரடியாக வாங்கிக்கொள்ளும். அப்போது யார் யார் எழுந்து நிற்கிறார்கள் என்பதும் விடையின் ஒரு பகுதியாகிவிடுகிறது. சாதாரணக் கம்பைலர், ஒரு கணக்கின் விடை கிளைக்குள்தான் தேவை என்று கண்டால் அந்தக் கணக்கையே கிளைக்குள் தள்ளிவிடும். அது நல்ல பழக்கம். ஷஃபிளை அப்படித் தள்ளினால், மதிப்பைக் கொடுக்க வேண்டிய இழை அங்கே அமர்ந்திருக்கும். இதைத் தடுக்கவே எல்.எல்.வி.எம். இத்தகைய கட்டளைகளுக்குக் ‘கன்வர்ஜன்ட்’ என்னும் முத்திரையைக் குத்தியிருக்கிறது: இதைப் புதிய நிபந்தனைக்குள் நகர்த்தாதே என்று பொருள்.

இப்போது நம் வாசகரின் நிரலுக்கு வருவோம். பாவுக்குள் கூட்டுவதற்கு அவர் பயன்படுத்தியது எல்லோரும் எழுதும் முறைதான். ஒவ்வோர் இழையும் தனக்கு 16 இடம் தள்ளி உள்ள இழையின் மதிப்பை வாங்கித் தன் மதிப்போடு கூட்டும். பிறகு 8 இடம், 4, 2, 1. ஐந்தே படிகளில் 32 மதிப்புகளின் கூட்டுத்தொகை முதல் இழையிடம் சேர்ந்துவிடும். முதல் இழை அதைப் பொதுக் கணக்கில் சேர்க்கும். அவர் வாடகைக்கு எடுத்த கார்டின் 64 இழைப் பாவில் இதே ஐந்து படிகளை ஓட்டினால், முதல் இழையிடம் 0 முதல் 31 வரையிலான இழைகளின் தொகை இருக்கும். 32 முதல் 63 வரையிலான தொகை 32-ஆம் இழையிடம் இருக்கும். அவருடைய நிரலில் ‘முதல் இழை யார்’ என்று கேட்கும் வரியில் பாவின் அகலத்தைச் சிப்பிடமே கேட்டு வாங்கியிருந்தார். எனவே அது 64 என்றே வந்தது. கூட்டும் வரியில் மட்டும் 16 என்று கையால் எழுதியிருந்தார். 6,400 கட்டங்கள் 100 பாவுகளாகப் பிரிந்தன; ஒவ்வொரு பாவும் தனக்குரிய 64-இல் 32-ஐ மட்டும் ஒப்படைத்தது. 32-ஆம் இழை தன் தொகையை வைத்துக்கொண்டு காத்திருந்தது, அதை யாரும் கேட்கவில்லை. 3,200 வந்த வழி இதுதான். அகலத்தில் பாதியிலிருந்து தொடங்கு என்று அந்த 16-ஐ மாற்றினால் இரண்டு கார்டுகளும் 6,400 சொல்லும்.

கம்பைலர் இதை ஏன் எச்சரிக்கவில்லை என்றும் கேட்டிருந்தார். 16 என்பது பாவின் பாதி என்ற செய்தி நிரலில் எங்கும் இல்லை. அது எழுதியவர் மனத்தில் இருந்தது. இதற்குத் தீர்வு, அந்தச் செய்தியையும் எழுத இடம் தரும் மொழிகளே. சுவிட்சர்லாந்தின் வானிலைத் துறை 2016-இல் தன் அன்றாட முன்கணிப்பைக் கிராபிக்ஸ் கார்டுகளுக்கு மாற்றியபோது, வானிலையைக் கணக்கிடும் மாதிரியின் மையப் பகுதியைச் சி++ மொழிக்குள் பதிந்த ஸ்டெல்லா என்னும் தனி மொழியில் திருப்பி எழுதினார்கள். அங்கே விஞ்ஞானி, அண்டைக் கட்டங்களோடு உள்ள உறவை மட்டும் எழுதுவார். எந்தச் சிப்பில் எப்படிப் பிரிப்பது என்பதைப் பின்னால் உள்ள கருவி முடிவு செய்யும். இத்தகைய மொழிகளை அடுக்கடுக்காகக் கட்ட உதவும் எம்.எல்.ஐ.ஆர். என்னும் கட்டமைப்பை உருவாக்கியவர்களில் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் உதய் பொந்துகுலாவும் ஒருவர். சென்னை ஐ.ஐ.டி.யில் உருவான ஸ்டார்பிளாட், வலையமைப்புக் கணக்குகளை ஒருமுறை எழுதினால் பல வகை வன்பொருளுக்கும் நிரல் எழுதித் தருகிறது.

ஆகவே திறமை இங்கே இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. 2024 மார்ச்சில் 10,300 கோடி ரூபாய்க்கு மேல் ஒப்புதல் பெற்ற இந்தியா ஏ.ஐ. திட்டம், 10,000-க்கும் மேற்பட்ட கிராபிக்ஸ் கார்டுகளை அமைப்பதாக அறிவித்தது. கார்டுகளின் எண்ணிக்கை செய்தியாகிறது. அவற்றுக்கு நிரல் எழுதும் கம்பைலர் ஆய்வுக்கும், அதைப் படிக்க விரும்பும் சிறு நகரக் கல்லூரி மாணவர்களின் உதவித்தொகைக்கும் எவ்வளவு என்பதும் அதே அறிவிப்பில் இடம்பெற வேண்டும் என்று நான் நினைக்கிறேன். இன்று வாங்கும் கார்டு சில ஆண்டுகளில் பழையதாகிவிடும். அடுத்த முறை வேறு நிறுவனத்திடம் வாங்க நேரலாம். அப்போது நம் புயல் கணக்குகளை எடுத்துச் செல்லத் தெரிந்தவர்கள் நம்மிடம் இருக்க வேண்டும்.

வாசகருக்கு இன்னொரு சோதனையும் எழுதி அனுப்பியிருக்கிறேன். 6,401 கட்டங்களை நிரப்பிப் பார்க்கச் சொன்னேன். அப்போது கடைசிப் பாவில் ஒரே ஓர் இழைக்குத்தான் கட்டம் இருக்கும். கட்டம் இல்லாத இழைகளை நிரலின் தொடக்கத்திலேயே அவர் வெளியேற்றிவிடுகிறார். ஷஃபிள் அங்கே வெளியேறிய இழைகளிடம் மதிப்புக் கேட்கும். அதற்கு என்ன விடை வரும் என்று என்விடியாவின் கையேடு உறுதி தருவதில்லை. கட்டம் இல்லாத இழைகளும் 0 என்னும் மதிப்பைக் கையில் வைத்துக்கொண்டு, கூட்டி முடியும் வரை பாவிலேயே நிற்க வேண்டும்.