சொக்லேட்டுக்குள் சீனி வந்த கதை

சூத்தைப் பல்லோடு பிள்ளையைக் கூட்டிவரும் பெற்றோர், நான் பிள்ளையின் வாயைத் திறக்கச் சொல்லும் முன்பே காரணத்தைச் சொல்லிவிடுவார்கள்: "எந்த நேரமும் சொக்லேட்தான், டொக்டர்." திருகோணமலையில் பல் வைத்தியம் பார்க்கும் எனக்கு இந்த வசனம் மனப்பாடம். இதில் முக்கியமான சொல் "சொக்லேட்" என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். எனக்கு "எந்த நேரமும்" என்பதுதான் காதில் விழும். ஏன் என்று சொல்வதற்குச் சொக்லேட்டின் பழைய கதை உதவும்.

கொக்கோ மரத்தின் சொந்த ஊர் தென்னமெரிக்காவின் மேல் அமேசன் காடுகள். இன்றைய எக்குவடோரில் கிடைத்த, ஏறக்குறைய 5,300 ஆண்டுப் பழைய பாத்திரங்களில் கொக்கோவின் தடயம் இருந்தது. மாத்தளைப் பக்கம் போகிறவர்கள் தென்னைகளுக்குக் கீழே இந்த மரத்தைப் பார்த்திருப்பீர்கள். காய் அடிமரத்தோடு ஒட்டிக் காய்க்கும். வெட்டினால் வெள்ளைச் சதை, அதற்குள் கசப்பு விதை. மெக்சிக்கோவிலும் மத்திய அமெரிக்காவிலும் மாயர்களும் அவர்களுக்குப் பின் அஸ்டெக்குகளும் அந்த விதையைப் புளிக்கவைத்து, காயவைத்து, வறுத்து அரைத்துத் தண்ணீரில் கரைத்தார்கள். மிளகாய், வனிலா, சோளமா சேர்த்தார்கள். நம் தேத்தண்ணிக் கடைக்காரர் உயரத்திலிருந்து ஆற்றுவது போலவே ஒரு பாத்திரத்திலிருந்து இன்னொன்றுக்கு ஊற்றி நுரை எழுப்பினார்கள். அப்படி ஊற்றும் பெண் ஒருத்தியின் ஓவியம் மாயர் காலத்துச் சாடி ஒன்றில் இன்றும் இருக்கிறது. விதைகள் சந்தையில் காசாகவும் செல்லுபடியாகின.

அந்தப் பானத்தில் சீனி கிடையாது. சில வேளை கொஞ்சம் தேன் சேர்ந்திருக்கும், அவ்வளவுதான். கரும்பு அந்தக் கண்டத்திலேயே இருக்கவில்லை. 1493 இல் கொலம்பஸ் தன் இரண்டாவது பயணத்தில் கொண்டுபோன பிறகுதான் கரீபியன் தீவுகளில் அது வேர்விட்டது.

1544 இல் மாயர் குழு ஒன்று ஸ்பெயின் இளவரசர் பிலிப்பின் முன் சொக்லேட்டைக் காணிக்கையாக வைத்தது. 1585 இல் மெக்சிக்கோவின் வெராகுரூஸ் துறைமுகத்திலிருந்து வியாபாரச் சரக்காகவே விதைகள் செவில் நகரத்துக்குக் கப்பலேறின. கசப்பு ஐரோப்பியருக்குப் பிடிக்கவில்லை, சீனி சேர்த்தார்கள். 1657 இல் லண்டனில் சொக்லேட் கடை திறந்தபோது அது பணக்காரர்களின் இனிப்புப் பானம். அந்தச் சீனிக்காக ஆபிரிக்காவிலிருந்து இலட்சக்கணக்கான மனிதர்களை அடிமைகளாகக் கொண்டுபோய்க் கரும்புத் தோட்டங்களில் வதைத்தார்கள். அடிமை முறை ஒழிந்த பிறகு தமிழ்நாட்டுக் கரைகளிலிருந்தும் கூலிகளாக ஆட்கள் அங்கே கப்பலேற்றப்பட்டார்கள். சொக்லேட்டின் கதையை இனிப்பாக மட்டும் சொல்லிவிட்டுப் போக எனக்கு மனம் வருவதில்லை.

எங்கள் துறைமுகத்துக்கும் இதில் ஒரு சின்னப் பங்கு உண்டு. பிரித்தானியக் கடற்படை 19 ஆம் நூற்றாண்டிலேயே மாலுமிகளின் பங்கீட்டில் கொக்கோவைச் சேர்த்துவிட்டது. இரண்டாம் உலகப் போரிலும் இரவுக் காவலில் நின்றவர்கள் கட்டிச் சொக்லேட்டைச் சுரண்டிச் சுடுதண்ணீரில் கரைத்துக் குடித்தார்கள். 1957 வரை திருகோணமலை அவர்களுடைய தளம். ஆகவே இந்தக் குடாவில் நின்ற கப்பல்களிலும் அந்த மணம் வீசியிருக்கும்.

சரி, பல்லுக்கு வருவோம். 1828 இல் ஒல்லாந்தின் வான் ஹூட்டன் கொக்கோவைப் பிழிந்து கொழுப்பைப் பிரிக்கும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். 1847 இல் இங்கிலாந்தின் பிரிஸ்டலில் ஃப்ரை நிறுவனம் அந்தக் கொழுப்பையும் கொக்கோ மாவையும் சீனியையும் சேர்த்துக் கடித்துச் சாப்பிடும் கட்டியாக வார்த்தது. 1875 அளவில் சுவிற்சர்லாந்தின் டானியல் பீட்டர் பாலையும் சேர்த்தார். என் தொழிலுக்கு இதில் 1847 தான் பெரிய ஆண்டு. அதுவரை சொக்லேட் கோப்பையில் இருந்தது, குடித்தால் முடிந்தது. கட்டியானதும் அது சட்டைப் பைக்குள் வந்துவிட்டது. வகுப்பில் ஒரு துண்டு, ரியூசனுக்குப் போகும் வழியில் ஒரு துண்டு, படுக்கப்போகும்போது ஒரு துண்டு.

வாயில் உள்ள கிருமிகள் சீனியை அமிலமாக்குகின்றன. அமில காரத்தன்மையை அளக்கும் அளவுகோலில் வாய் 5.5 க்குக் கீழே இறங்கும்போது பல்லின் மேற்பூச்சு கரையத் தொடங்கும். உமிழ்நீர் அதைச் சரிசெய்ய அரை மணித்தியாலமாவது வேண்டும். அது சரிசெய்து முடிக்கும் முன் அடுத்த துண்டு வாய்க்குள் போனால் பல்லுக்கு ஆறுதலே இல்லை.

இது உறுதியான விதம் வருத்தத்துக்குரியது. 1940களில் சுவீடனின் லுண்ட் நகரில், விபேஹோல்ம் மருத்துவமனையில் இருந்த மனவளர்ச்சி குன்றிய நோயாளிகளுக்கு, அவர்களுடைய சம்மதம் இல்லாமலே சீனியைப் பல விதமாகக் கொடுத்துப் பார்த்தார்கள். சாப்பாட்டோடு சீனி சாப்பிட்டவர்களுக்குச் சூத்தை அதிகம் கூடவில்லை. சாப்பாட்டுக்கு இடையில் அடிக்கடி இனிப்புச் சாப்பிட்டவர்களுக்குக் கூடியது, அதிலும் பல்லில் ஒட்டும் டொபி கொடுக்கப்பட்டவர்களுக்குத்தான் மிக மோசம். அந்த மனிதர்களின் பற்களை விலையாகக் கொடுத்துப் பெற்ற அறிவு இது. இதைப் பயன்படுத்தாமல் விடுவது அவர்களுக்குச் செய்யும் இன்னொரு அநியாயம் என்றே நான் நினைக்கிறேன். சுவீடன் இதற்குப் பிறகுதான் "சனிக்கிழமை மட்டும் இனிப்பு" என்ற பழக்கத்தை வீடுகளுக்குக் கொண்டுபோனது.

இங்கே வெயிலும் ஒரு காரணம். கொக்கோ வெண்ணெய் ஏறக்குறைய 34 பாகை செல்சியசில் உருகிவிடும். எங்கள் ஊர்ப் பகல் அதற்குச் சளைத்ததில்லை. பிரிஜ் இல்லாத சின்னக் கடைகளில் நல்ல சொக்லேட் நிற்காது. அதனால் உருகாத தாவரக் கொழுப்பில் செய்த மலிவுப் பூச்சு வேபர்களும் டொபிகளும்தான் போத்தல்களில் நிறைகின்றன. இவற்றில் கொக்கோ பெயருக்குத்தான், சீனி தாராளம். பிள்ளையின் கடைவாய்ப் பாற்பல்லில் உள்ள மெல்லிய குழிகளுக்குள் டொபி இறுகிப்போய் இருப்பதைக் கருவியால் கிளறி எடுத்திருக்கிறேன். அடியில் பல் பழுப்பாகி, அழுத்தினால் உள்ளே போகும் அளவுக்கு மெத்தென்று இருக்கும். அந்த இடத்தில் சொக்லேட்டை விட டொபியே கொடியது. சொக்லேட் உருகி உமிழ்நீரோடு போய்விடும், டொபி போகாது.

அப்புறம் வளைகுடா நாடுகளிலிருந்து வரும் சொக்லேட் பெட்டிகள். கிண்ணியா, மூதூர், நகரம் என்று எங்கும் தாய்மார் வீட்டுவேலைக்குப் போயிருக்கிறார்கள். பிள்ளைகள் அம்மம்மாவிடமும் உம்மம்மாவிடமும் வளர்கிறார்கள். ஓர் அம்மம்மா சொன்னார்: "தாய் குவைத்தில இருந்து அனுப்பினது டொக்டர். நல்ல சாமான் எண்டுதான் குடுத்தனான். அழுதா ஒண்டு, படுக்கேக்க ஒண்டு." பேரனின் மேல்வரிசை முன்பற்கள் முரசு (ஈறு) வரைக்கும் கரைந்திருந்தன. அந்தப் பெட்டிக்குள் இருப்பது ஒரு தாயின் உழைப்பு. அதைக் குப்பையில் போடு என்று சொல்ல யாருக்கும் வாய் வராது. "நிப்பாட்டச் சொல்லேல்லை அம்மா, நேரத்தை மட்டும் மாத்துங்கோ" என்றேன். மத்தியானச் சாப்பாடு முடிந்த கையோடு ஒரு துண்டு, பிறகு தண்ணீர். பெட்டி அலுமாரிக்குள், சாவி அம்மம்மாவிடம். படுக்கும் நேரத்தில் கிடையவே கிடையாது; நித்திரையில் உமிழ்நீர் குறைவு, சீனி விடியும்வரை பல்லோடு கிடக்கும்.

இலங்கையில் விற்கும் உணவுப் பைக்கற்றில் நிறக் குறியைப் பாருங்கள். 100 கிராமில் 22 கிராமுக்கு மேல் சீனி இருந்தால் சிவப்பு. பால் சொக்லேட்டில் பெரும்பாலும் பாதி சீனிதான். சூட்கேசில் வருவதில் இந்தக் குறி இருக்காது, ஆகவே பின்பக்க அட்டவணையில் சீனியின் அளவைத் தேடுங்கள். பெரியவர்கள் விரும்பி வாங்கும் 70 வீதக் கறுப்புச் சொக்லேட்டிலும் 100 கிராமுக்கு 30 கிராம் அளவுக்குச் சீனி இருக்கும். நீரிழிவு உள்ளவர்கள் அதை மருந்து என்று நினைத்துச் சாப்பிட வேண்டாம்.

முதற்பல் முளைத்த நாளிலிருந்து புளோரைட் உள்ள பற்பசை போடலாம்: மூன்று வயது வரை ஓர் அரிசி அளவு, அதற்குப் பிறகு ஒரு பட்டாணி அளவு. காலையில் ஒரு முறை, படுக்க முன் ஒரு முறை, இரண்டையும் பெரியவர்களே துலக்கிவிட வேண்டும். மாதத்துக்கு ஒரு தடவையாவது பிள்ளையின் மேலுதட்டை உயர்த்திப் பாருங்கள். முரசோரமாகச் சுண்ணாம்பு நிறத்தில் ஒரு கோடு தெரிந்தால் அது சூத்தையின் தொடக்கம், அந்த நிலையில் துளையிடாமலே பல்லைக் காப்பாற்ற முடியும். அரச வைத்தியசாலைப் பல் கிளினிக்கில் இதற்குக் காசு இல்லை. கோடு பழுப்பாகும் முன் கூட்டிவாருங்கள்.