சொல் விளக்கம்: மியூசியம்

‘மியூசியம்’ கிரேக்கத்தில் பிறந்து, லத்தீன் வழியாக ஆங்கிலத்துக்குப் போய், அங்கிருந்து நம் வாயில் புகுந்த சொல். மூலம் ‘மௌசேயோன்’. கலைக்கும் கல்விக்கும் உரிய மியூஸ் தேவியர் ஒன்பது பேரின் இருப்பிடம் என்று பொருள். கி.மு. 3ஆம் நூற்றாண்டில் எகிப்தின் அலெக்சாந்திரியாவில் தாலமி மன்னர்கள் இந்தப் பெயரில் அமைத்தது அறிஞர்களுக்கான இடம். அரசன் செலவில் ஒரே கூடத்தில் சாப்பிட்டுக்கொண்டு வானியல், மருத்துவம், இலக்கியம் என்று அவரவர் துறையில் மூழ்கிக் கிடந்தார்கள். டிக்கெட் எடுத்துக் கண்ணாடிப் பெட்டிக்குள் எட்டிப் பார்க்கும் இடம் என்ற பொருளெல்லாம் பல நூற்றாண்டுகள் கழித்து வந்தது.

சென்னை மியூசியம் 1851இல் எட்வர்ட் பால்ஃபர் பொறுப்பில் தொடங்கியபோது, அது இருந்தது நுங்கம்பாக்கத்தில் செயின்ட் ஜார்ஜ் கோட்டைக் கல்லூரிக் கட்டடத்தில். எழும்பூர் பாந்தியன் சாலைக்கு வந்தது 1854இல். பழைய சென்னைக்காரர்கள் இதைச் ‘செத்த காலேஜ்’ என்பார்கள். உயிருள்ள விலங்குகள் இருந்த மிருகக்காட்சிசாலை ‘உயிர்க் காலேஜ்’. ‘காலேஜ்’ ஒட்டிக்கொண்டதற்கு அந்தக் கல்லூரிக் கட்டடத்தைத்தான் காரணம் சொல்வார்கள். எந்தக் கலைச்சொல் குழுவுக்கும் இப்படி ஒரு ஜோடி தோன்றியிருக்காது!

எழுத்துத் தமிழில் பல சொற்கள் போட்டியிட்டன. ‘பொருட்காட்சிசாலை’ என்றார்கள்; பொருட்காட்சி என்றாலே தீவுத்திடல் ராட்டினமும் டெல்லி அப்பளமும் என்று ஆனபிறகு அது எடுபடவில்லை. இலங்கையில் ‘நூதனசாலை’. நூதனம் என்பது புதுமை, இருப்பதெல்லாம் பழசு. விந்தைப் பொருள் என்ற பொருளில் வைத்த பெயர் அது. சிங்கப்பூரில் ‘அரும்பொருளகம்’. தமிழ்நாட்டில் நிலைத்தது ‘அருங்காட்சியகம்’: அருமை, காட்சி, அகம்.

இந்தச் சொல்லில் ஆராய்ச்சிக்கு இடமில்லையே என்று குறைப்படுபவர்கள் உண்டு. குறையில் கொஞ்சம் நியாயம் இருக்கிறது. ஆதிச்சநல்லூரில் தொல்லியலாளர் அலெக்சாண்டர் ரீ 1899 முதல் 1905 வரை தோண்டியெடுத்த முதுமக்கள் தாழிகள், இரும்பு ஆயுதங்கள், நெற்றியில் கட்டும் பொன் பட்டங்கள் எழும்பூருக்கு வந்தன. வந்ததோடு வேலை முடியவில்லை. அங்கே கிடைத்த மண்டையோடுகளைப் பற்றி உடற்கூறியலாளர் சுக்கர்மன் எழுதிய ஆய்வு 1930இல் மியூசியத்தின் வெளியீடாகவே வந்தது. தொல்லியலும் மானிடவியலும் ஒரே கூரைக்குள் நடந்தன.

மானிடவியலில் கசப்பான பக்கமும் உண்டு. 1885 முதல் 1908 வரை மியூசியத்தின் கண்காணிப்பாளராக இருந்த எட்கர் தர்ஸ்டன், மக்களை நிறுத்திவைத்து மூக்கின் அகலத்தையும் உயரத்தையும் அளந்தார். அகலத்தை உயரத்தால் வகுத்து நூறால் பெருக்கினால் ஓர் எண். அந்த எண்ணை வைத்துச் சாதி வகைப்பாடு. அந்தக் கணக்கு இன்று செல்லாக்காசு. கே. ரங்காச்சாரியின் துணையோடு தென்னிந்தியச் சாதிகள், பழங்குடிகள் பற்றி 1909இல் அவர் வெளியிட்ட ஏழு தொகுதிகளை, அவற்றிலுள்ள சடங்கு, வழக்கக் குறிப்புகளுக்காக ஆய்வாளர்கள் இன்னும் புரட்டுகிறார்கள்.

ஆனாலும் சொல்லை மாற்ற வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. ‘காட்சி’ என்பதை வேடிக்கை என்று சுருக்கிக்கொண்டது நாம்தான். குறளில் ‘மாசறு காட்சியவர்’ என்று இரண்டு இடத்தில் வருகிறது (199, 352). அங்கே காட்சி என்றால் அறிவு, தெளிவு. தருக்க நூல்களில் நேரில் கண்டு அறிவது ‘காட்சி அளவை’. மண்டையோட்டைக் கையில் எடுத்து அளப்பதும் பானை ஓட்டின் கீறலை லென்ஸ் வைத்துப் பார்ப்பதும் இந்தக் காட்சிதான்.

எழுதும்போது ‘அருங்காட்சியகம்’ போதும். ‘அருங்காட்சியக மியூசியம்’ என்று இரட்டிக்க வேண்டாம். ‘க்’கும் தேவையில்லை: ‘அருங்காட்சியக்கம்’ பிழை. பொறுப்பில் இருக்கும் க்யூரேட்டருக்கு ‘காப்பாட்சியர்’ என்று அரசு வழக்கிலேயே நல்ல சொல் இருக்கிறது.