எங்கீங்க கையெழுத்துப் போடோணும்?

பிப்ரவரி மாதம் ஒரு நாள், மூன்றாம் வகுப்பில் ஒரு பையனின் பென்சில் டப்பாவைக் காணோம் என்று ஒரே களேபரம். எல்லார் பையையும் கவிழ்த்துப் பார்த்தோம். டப்பா எந்தப் பையிலும் இல்லை, ஜன்னல் திட்டில் இருந்தது. ஆனால் ஒரு சிறுமியின் பையடியில் நாலாக மடித்த சீட்டு ஒன்று, சோற்றுப் பருக்கை ஒட்டிக் காய்ந்துபோய்க் கிடந்தது. பிரித்தால், நடமாடும் மருத்துவக் குழு ஆகஸ்டில் பள்ளிக்கு வந்தபோது எழுதிக் கொடுத்தது. பார்வைக் குறைபாடு தெரிகிறது, அரசு மருத்துவமனையில் கண் பிரிவில் காட்டவும் என்று இருந்தது. கீழே என் கையெழுத்து.

ஆகஸ்டிலிருந்து பிப்ரவரி. முழுசாக ஆறு மாதம். அந்த ஆறு மாதமும் அவள் கரும்பலகையைப் பார்த்து எழுதவில்லை, பக்கத்துப் பிள்ளையின் நோட்டைப் பார்த்துத்தான் எழுதியிருக்கிறாள். 'பார்த்து எழுதாதே' என்று அதட்டி நானே அவளை இரண்டு முறை இடம் மாற்றினேன். இரண்டாவது முறை கடைசி வரிசைக்கு.

என் தப்பை முதலில் சொல்லிவிடுகிறேன். எட்டு வயதுப் பிள்ளை கையில் சீட்டைக் கொடுத்தது தப்பு. 'எப்படியும் மாசா மாசம் பள்ளியில் நடக்கிற பெற்றோர் கூட்டத்துக்கு வருவாங்க, அப்ப சொல்லிக்கலாம்' என்று விட்டது அதைவிடப் பெரிய தப்பு. 60 பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர் என்பது சட்டக் கணக்கு. எங்களிடம் 43 பிள்ளைகள், ஐந்து வகுப்பு, நாங்கள் இருவர். ஒன்றாம் வகுப்பில் ஒருவன் கால்சட்டையை நனைத்துவிட்டு அழுதால் அந்த நேரத்தில் நான்காம் வகுப்பில் பின்னக் கணக்கு நின்றுபோகும். ஒரு சீட்டு ஞாபகத்திலிருந்து நழுவ இது போதும். போதும் என்பதற்காகச் சரி என்று சொல்லவில்லை.

ஆனால் கூட்டம் நடந்ததே? ஆகஸ்டில் அவள் வீட்டிலிருந்து யாரும் வரவில்லை. செப்டம்பரில் வரவில்லை. அக்டோபரில் தீபாவளி நெருக்கடி, கம்பெனியில் ராத்திரி வேலை. நவம்பரில் பக்கத்து வீட்டுக்காரர் வந்து, "அவங்களுக்கும் சேத்தி நானே போட்டர்றனுங்க டீச்சர்" என்று இரண்டு கையெழுத்துப் போட்டுவிட்டுக் கிளம்பினார். அம்மாவுக்குப் பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை. துணியில் ஊசி முனை அளவு ஓட்டை இருந்தாலும் பிடித்துவிடுகிற கண். சீட்டைக் காட்டியபோது அவர் அழுத அழுகையை இங்கே எழுதப் போவதில்லை.

இருபத்திரண்டு வருடமாகத் திருப்பூர்ப் பக்கம் வேலை பார்க்கிறேன். பல்லடம் ஒன்றியத்தில் கொஞ்ச காலம், காங்கேயம் பக்கம் கொஞ்ச காலம், இப்போது தாராபுரம் சாலையில். எந்த ஊரானாலும் பெற்றோர் வாசலுக்கு வந்ததும் கேட்கிற முதல் கேள்வி ஒன்றுதான்: "எங்கீங்க கையெழுத்துப் போடோணும்?" செருப்பைக்கூடக் கழற்றுவதில்லை, வண்டி சாவி கையிலேயே இருக்கும். பேனாவை நீட்டினால் போட்டுவிட்டுப் போய்விடுவார்கள். வந்தது கணக்கில் ஏறிவிட்டது, பிள்ளை எப்படி இருக்கிறாள் என்று ஒரு வார்த்தை இல்லை.

உட்காருங்கள் என்றால் வருகிற பதில்தான் என்னை உண்மையிலேயே எரிச்சல்படுத்துவது. "நானென்னுங்க படிச்சவளா? எனக்கு என்ன தெரியும், நீங்க பாத்துக்குங்க."

பிள்ளையின் படிப்பில் பங்கெடுப்பது என்றால் வீட்டில் உட்கார்ந்து பாடம் சொல்லிக் கொடுப்பது என்று யார் உங்களுக்குச் சொன்னது? பாடம் நடத்தச் சம்பளம் வாங்குகிறவள் நான். உங்களிடம் ஏழாம் வாய்ப்பாடு கேட்டேனா? இங்கிலீஷ் எழுத்து கேட்டேனா? ராத்திரி எத்தனை மணிக்குத் தூங்குகிறான், டிவியை எவ்வளவு கிட்டப் போய்ப் பார்க்கிறான், காலையில் வயிறு வலிக்கிறது என்று எந்தக் கிழமையெல்லாம் சொல்கிறான், யாரோடு சண்டை, எதற்குப் பயம், இவைதான் எனக்கு வேண்டும். பட்டம் வாங்கிய அப்பாவுக்கு இதில் ஒன்றும் தெரியாமல் இருக்கலாம். கையெழுத்துக்குப் பதில் கைநாட்டு வைக்கிற அமுச்சிக்கு, அதாவது அம்மாவைப் பெற்ற பாட்டிக்கு, எல்லாமே தெரிந்திருக்கும்.

எங்கள் பள்ளிக்கு ஒரு அப்புச்சி, ஒரு பையனின் தாத்தா, வருவார். மகள் திருப்பூரில் வேலைக்குப் போவதால் பேரன் இவரிடம் வளர்கிறான். ஆடு மேய்க்கிறவர், எழுத்து ஒன்றுகூடத் தெரியாது. பொழுதோட ஆட்டைப் பட்டியில் அடைத்துவிட்டுப் பேரனைத் திண்ணையில் உட்காரவைத்துப் பாடப் புத்தகத்தைச் சத்தமாக வாசிக்கச் சொல்வாராம். ஒரு மாதம் வந்து சொன்னார்: "டீச்சருங்க, மத்ததெல்லாம் ஓடுது. ஒரு சில எடத்துல வந்து நின்னு நின்னு போறான். என்ன எழுத்துன்னு எனக்குத் தெரீல, ஆனா அதே எழுத்துலதான் நிக்கறான், ஆமா." எந்த இடம் என்று கேட்டேன். பக்கத்தில் இரண்டு இடத்தில் விரல் வைத்தார். இரண்டிலும் 'ற்ற'. அடுத்த வாரம் அவனுக்கு அந்த எழுத்தை மட்டும் எடுத்துப் பழக்கினேன், தடங்கல் போய்விட்டது. பயிற்சி வகுப்பில் நாங்கள் நாள் கணக்கில் உட்கார்ந்து கற்றதை அந்த மனுசன் காதால் கண்டுபிடித்துவிட்டார்.

தண்ணீரையும் அவர்தான் கேட்டார். "பைப்புல வர்றது ஆத்துத் தண்ணியா, போர் தண்ணியா?" போர் தண்ணீர்தான். உப்பு. பிள்ளைகள் குடிக்காமலே இருந்திருக்கிறார்கள். பெற்றோரும் இருக்கிற பள்ளி மேலாண்மைக் குழுவில் தீர்மானம் போட்டோம், கிராம சபையில் எடுத்து வைத்தோம், அந்த வருடமே ஆற்றுத் தண்ணீர்க் குழாய் வந்தது. கிராம சபை வருடத்தில் ஆறு நாள்: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. நான் போய் எழுந்து நின்றால் 'டீச்சர் சொல்றாங்க' என்று கேட்டுவிட்டு உட்கார்ந்துவிடுவார்கள். பிள்ளையைப் படிக்க வைக்கிறவர் எழுந்து நின்றால் பதில் சொல்லியே ஆக வேண்டும்.

பள்ளி மேலாண்மைக் குழு என்பது ஆசிரியர்கள் பொழுதுபோகாமல் ஆரம்பித்தது அல்ல. 2009 கல்வி உரிமைச் சட்டத்திலேயே இருக்கிறது: குழுவில் முக்கால்வாசி பெற்றோர், பாதிப்பேர் பெண்கள். 2024-இல் மறுபடி அமைத்தபோது நம் மாநிலத்தில் 24 பேர் என்று ஆக்கி முன்னாள் மாணவர்களையும் சேர்த்தார்கள். பள்ளி மானியத்தை எதற்குச் செலவிடுவது என்று தீர்மானிப்பதும் இந்தக் குழுதான். 'கூட்டம்னா காசு கேப்பாங்க' என்கிறவர்களுக்கு: அரசுப் பள்ளியில் உங்களிடம் யாரும் காசு கேட்கக் கூடாது, கேட்டால் கொடுக்காதீர்கள். அவ்வளவுதான், இதற்கு மேல் இதைப் பற்றிப் பேச ஒன்றுமில்லை.

இன்னொன்று, அரும்பு, மொட்டு, மலர். 'எண்ணும் எழுத்தும்' திட்டம் 2022-இல் வந்ததிலிருந்து பிள்ளைகளை அவர்களுக்குத் தெரிந்ததை வைத்து இந்த மூன்று நிலையாகப் பிரித்துப் பாடம் நடத்துகிறோம். 'உம் புள்ள இன்னும் அரும்புலதான் இருக்குதா?' என்று கடை வாசலில் ஒருவர் கேட்டுவிட்டால் போதும், அன்றைக்கு ராத்திரி பிள்ளைக்கு அடி. அரும்பு என்றால் ஃபெயில் கிடையாது. எங்கிருந்து தொடங்க வேண்டும் என்று எங்களுக்குத் தெரிய வைத்துக்கொண்ட அடையாளம். இன்றைக்கு அரும்பில் இருக்கிறவன் நாளைக்கு மொட்டுக்குப் போவான். நான் சொன்ன அந்தச் சிறுமியும் அரும்பில்தான் இருந்தாள். படிப்பு வராமல் அல்ல, பலகை தெரியாமல்.

வருடம் முழுக்கப் பள்ளியில் ஏதாவது ஒன்று நடந்துகொண்டேதான் இருக்கிறது. ஜூனில் சேர்க்கை, புத்தகம், சீருடை. ஐந்து வயது முடிந்த பிள்ளைக்கு ஆதாரில் கைரேகை புதுப்பிப்பதும் அப்போதே பார்த்துவிட வேண்டியது. ஜூலை 15 காமராசர் பிறந்த நாள், கல்வி வளர்ச்சி நாள். ஆகஸ்டிலும் பிப்ரவரியிலும் குடற்புழு மாத்திரை. அதைக் கடித்துத்தான் தின்ன வேண்டும். அன்றைக்கென்று பிள்ளையை வீட்டில் நிறுத்திக்கொள்கிறவர்களை என்ன சொல்வது? புழுவால் ரத்தசோகை வந்து வெளுத்துப்போன பிள்ளையை 'நல்ல கலரு' என்று கொஞ்சுகிறவர்களும் அவர்களேதான்.

அப்புறம் நோம்பி, ஊர்த் திருவிழா. மாரியம்மன் நோம்பிக்குப் பூச்சாட்டினால் எங்கள் வருகைப் பதிவேட்டில் ஓட்டை விழத் தொடங்கும். கம்பம் நட்டதிலிருந்து மஞ்சள் நீராட்டு வரை பிள்ளை பள்ளிக்கு வராது. சொந்த ஊர் நோம்பிக்கு வேண்டாம் என்று சொல்ல நான் யார், நானும் மாவிளக்கு எடுப்பவள்தான். அமுச்சி ஊர் நோம்பி, அத்தை ஊர் நோம்பி, தீபாவளி போனஸ் வாங்கிக்கொண்டு ஊருக்குப் போய்ப் பத்து நாள், ஒவ்வொரு திங்கட்கிழமையும் 'நேத்து கெடா வெட்டுங்க, தூங்கறான்' என்றால்? தொடக்கப் பள்ளிக்குச் சட்டம் சொல்வது வருடத்துக்குக் குறைந்தது 200 வேலை நாள். மாதம் மூன்று நாள் நின்றாலே பத்து மாதத்தில் முப்பது நாள். அந்த முப்பது நாளில் நடந்ததை நான் மறுபடி நடத்த முடியாது. நடத்தினால் மற்ற 42 பேர் சும்மா உட்கார்ந்திருக்க வேண்டும்.

இந்தக் கூட்டத்துக்கெல்லாம் வராத அதே ஊர், ஆண்டு விழாவுக்கு வரும் பாருங்கள்! நாற்காலி போதாமல் மதில்மேல் ஏறி உட்காருவார்கள். மேடைக்கும் எனக்கும் நடுவே ஐம்பது செல்போன். அன்றைக்கு யாருக்கும் ஷிப்ட் இல்லை.

சரி, நியாயத்தையும் பேசுவோம். கூட்டம் மாதக் கடைசி வெள்ளி, பிற்பகல் மூன்று மணி. காலை ஏழரைக்குக் கம்பெனி வண்டி வந்து ஏற்றிக்கொண்டு போகிறது, ஒன்றரை ஷிப்ட் முடித்து ராத்திரி ஒன்பதுக்குக் கொண்டுவந்து விடுகிறது. நடுவில் வந்தால் கூலி போகும், சூப்பர்வைசரிடம் ஏச்சு வேறு. வெள்ளிக்கிழமை மூன்று மணி என்று வைத்தவர்கள் திருப்பூர்ப் பக்கம் ஒரு வாரம் இருந்து பார்த்திருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று எனக்கும் தோன்றியதுண்டு. உங்களை நான் குற்றவாளிக் கூண்டில் ஏற்றவில்லை.

அதனால் கேட்பது இவ்வளவுதான். அம்மா வர முடியாதா, அப்பாவை அனுப்புங்கள். கறிக்கோழிப் பண்ணையில் இருப்பவரும் தறி ஓட்டுபவரும் ஒரு மணி நேரம் ஒதுங்கி வரலாம். கூட்டம் பொம்பளைகள் சமாச்சாரம் என்று எந்தச் சட்டத்திலும் இல்லை. அப்பாவும் முடியாதா, அப்பாரு, ஆத்தா, சித்தி, யாராவது வீட்டு மனுசர். பக்கத்து வீட்டுக்காரர் வேண்டாம். அதுவும் முடியாவிட்டால் காலையில் எட்டே காலுக்கு, பிள்ளைகள் காலை உணவு சாப்பிடும் நேரத்தில் வாருங்கள். அந்த உப்புமாவையும் கிச்சடியையும் ஒரு கரண்டி வாங்கித் தின்று பாருங்கள், உப்புக் குறைந்தால் அங்கேயே சொல்லுங்கள். பத்து நிமிடம் போதும். இல்லையா, டீ நேரத்தில் போன் பண்ணுங்கள், எடுக்கிறேன். சிம் மாற்றினால் தயவுசெய்து எங்களுக்குச் சொல்லுங்கள். பதிவில் இருக்கிற எண்ணுக்கு அடித்தால் பாதிப் பேருக்கு 'உபயோகத்தில் இல்லை' என்கிறது. ஒரு நாள் பிள்ளைக்குக் காய்ச்சல் 103 இருக்கும்போது அந்தக் குரலைக் கேட்டுப் பாருங்கள், தெரியும்.

பையைத் தினமும் ஒரு முறை திறந்து பாருங்கள். படிக்கத் தெரியவில்லை என்றால் உள்ளே இருக்கிற காகிதத்தை யாரிடமாவது காட்டுங்கள், இல்லை மறுநாள் என்னிடமே கொடுத்தனுப்புங்கள். நானும் இனிமேல் எந்தச் சீட்டையும் பிள்ளை கையில் மட்டும் கொடுப்பதில்லை. நோட்டில் எழுதி வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போன் போட்டுச் சொல்லிவிட்டுத்தான் அந்த வரியைக் கோடு போட்டு அடிக்கிறேன். கண்ணைச் சுருக்கிப் பார்க்கிற பிள்ளை, புத்தகத்தை மூக்கில் ஒட்டிக்கொள்கிற பிள்ளை, அடிக்கடி தலைவலி என்கிற பிள்ளை இருந்தால் பள்ளிக்கு ஒரு வார்த்தை சொல்லுங்கள். அரசு மருத்துவமனையில் சோதிக்கக் காசு இல்லை, பள்ளிப் பிள்ளைக்குக் கண்ணாடியும் காசில்லாமல் கிடைக்கும்.

அந்தச் சிறுமிக்கு மார்ச்சில் கண்ணாடி வந்தது. ஊதா ஃபிரேம், அவளே எடுத்ததாம். இப்போது முதல் வரிசையில் இருக்கிறாள், நானாக மாற்றவில்லை, அவளாக வந்து உட்கார்ந்தாள். மார்ச் கடைசி வெள்ளிக்கு அவள் அம்மா அரை நாள் சம்பளத்தை விட்டுவிட்டு வந்திருந்தார். கம்பெனி அடையாள அட்டை கழுத்திலேயே தொங்கியது. வாசலில் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தார், உள்ளே வந்தார், என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"டீச்சருங்க, எங்கீங்க கையெழுத்துப் போடோணும்?"

"உக்காருங்க அம்மணி," என்றேன். "அது கடைசீல."